சிறுதொழிலாளனும் அரசாங்கத்தின் பிணையும்

கைத்தொழிலொன்றைத் தொடங்க விரும்பும் ஏழைக்கு மூன்று வேண்டும். கைப்பழக்கம் ஒன்று, செய்த பொருளை விற்பதற்குச் சந்தை ஒன்று, தொடக்கத்தில் இடுவதற்கு முதல் ஒன்று. முன்னைய இரண்டையும் அவன் தன் முயற்சியால் தேடிக்கொள்ளலாம். மூன்றாவதற்குப் பிறர் வாயிலில் நிற்கவேண்டியவனாகிறான். அங்கே அவனை முதலில் எதிர்கொள்வது 'உனக்குப் பிணை யார்?' என்னும் வினாவாகும். அவன் என்ன செய்ய வல்லவன் என்பது பின்னரே கேட்கப்படும். இலங்கையில் சிறுதொழில்களுக்குப் பொதுப்பணம் வழங்கப்பட்ட வரலாற்றை ஆராய்வோர், அவ்வரலாறு பெரும்பாலும் இவ்வொரு வினாவைச் சுற்றியே நடந்திருப்பதைக் காண்பர்.

சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் இத்தீவின் செல்வம் கோப்பிப் பயிரில் தங்கியிருந்தது. 1869 ஆம் ஆண்டில் கோப்பி இலைகளில் நோய் கண்டது. தோட்டங்கள் படிப்படியாக அழிந்தன. தோட்டங்களை நம்பிக் கடன் கொடுத்திருந்த ஓரியன்டல் வங்கி 1884 ஆம் ஆண்டு மே மாதத்தில் முறிந்தது. அவ்வங்கி வெளியிட்ட நோட்டுக்கள் மக்கள் கையிலே புழங்கின. அவை வெறுங் கடதாசியாகிவிடுமோ என்று நாடு அஞ்சியபோது, தேசாதிபதி ஆதர் கோர்டன் அந்நோட்டுக்களுக்கு அரசாங்கத்தின் பிணையை வழங்கினார். அவ்வாண்டிலேயே கடதாசி நாணயத்தை வெளியிடும் பொறுப்பை அரசாங்கம் தானே ஏற்பதற்குச் சட்டம் இயற்றப்பட்டது. நாட்டுக்கு நன்மை பயந்த செயல் அது. ஆயினும், அரசாங்கம் மனம் வைத்தால் எத்துணை விரைவாகப் பிணை நிற்கமுடியும் என்பதற்கும் அதுவே சான்று. ஊரிலுள்ள தச்சனுக்கும் நெசவாளனுக்கும் அத்தகைய பிணை கிட்டுவதற்கு நெடுங்காலம் சென்றது.

அக்காலத்துப் பிரித்தானிய வங்கிகள் தோட்டங்களுக்கும் ஏற்றுமதி இறக்குமதி வணிகத்துக்குமே பெரிதும் பணி செய்தன. உள்ளூர் வணிகன் அவ்வங்கிகளை நேரே அணுகுவது அரிது. வங்கிக்கும் அவனுக்கும் இடையே சிறாப்பர் என்னும் உத்தியோகத்தர் இருந்தார். கடன் கேட்பவன் நாணயமானவன் என்று சிறாப்பர் பொறுப்பேற்றாற்றான் வங்கி பணம் கொடுக்கும். நாட்டுக்கோட்டைச் செட்டிமார் இவ்வழியால் வங்கிப் பணத்தைப் பெற்று, தம் பணத்தையும் அதனோடு சேர்த்து, உள்ளூரார்க்குக் கடனாகக் கொடுத்தனர். பணம் கைமாறுந்தோறும் வட்டி ஏறியது. இறுதியில் நின்ற சிறியவனே அவ்வட்டி முழுவதையும் சுமந்தான். 1925 ஆம் ஆண்டில் செட்டிமார் மீது வங்கிகள் கொண்டிருந்த நம்பிக்கை தளர்ந்தது. 1929 இல் உலகெங்கும் வணிக மந்தம் தொடங்கியது. மேலே இருந்தவர் கையை இறுக்க, கீழே இருந்தவனுடைய ஈடு வைத்த காணி கைவிட்டுப் போயிற்று.

இவ்விடர்ப்பாட்டுக்கு முதல் மருந்து 1911 ஆம் ஆண்டின் ஐக்கிய நாணய சங்கக் கட்டளைச் சட்டமாகும். ஜேர்மனியில் ரைபைசன் என்பவர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வளர்த்த முறையே அதற்கு மூலம். ஒரு கிராமத்தார் சிலர் சங்கமாகக் கூடுவர். சங்கத்தின் கடனுக்கு ஒவ்வோர் அங்கத்தவரும் எல்லையில்லாப் பொறுப்பாளி. ஆதலால், இன்னானுக்குப் பணம் கொடுக்கலாமா, அவன் குடிகாரனா, உழைப்பாளியா, கேட்ட பணத்தைக் கேட்ட காரியத்துக்கே செலவிடுவானா என்பவற்றை அயலவரே ஆராய்ந்தனர். உறுதியும் நிலப்படமும் இல்லாதவனுக்கு அவனுடைய ஒழுக்கமே பிணையாயிற்று. 1929 இல் யாழ்ப்பாணத்தில் நிறுவப்பட்ட கூட்டுறவு மாகாண வங்கி, இத்தகைய சிறு சங்கங்களுக்குத் தாய்ச் சங்கமாய் நின்றது. எனினும், இச்சங்கங்களின் கடன் பெரும்பாலும் சிறு தொகையாகவும் குறுகிய தவணையதாகவும் இருந்தது. புகையிலை நடுபவன் அறுவடையானதும் கடனைத் தீர்ப்பான். கடைச்சல் இயந்திரம் வாங்குகின்ற தச்சனோ அதைத் தீர்க்கப் பல ஆண்டுகள் வேண்டும்.

நீண்ட தவணைக் கடனுக்கு 1931 ஆம் ஆண்டின் சட்டப்படி அரசாங்க ஈட்டு வங்கி அமைக்கப்பட்டது. அதன் பெயரே அதன் இயல்பைக் கூறும். ஈடாக வைப்பதற்கு நிலம் வேண்டும்; அந்நிலத்துக்குக் குற்றமற்ற உரித்தும் வேண்டும். இங்கேதான் சிறியவன் தடுக்கி விழுந்தான். நம் நாட்டில் முதுசமாக வரும் காணி பெரும்பாலும் பிரிபடாத பங்குகளாகவே இறங்குவது. ஒருவனுக்கு எட்டில் ஒன்று, அவன் தமக்கைக்கு எட்டில் ஒன்று, பரதேசம் போன சிறிய தந்தைக்கு நாலில் ஒன்று என்று உறுதிகள் கூறும். அத்தகைய பங்கினை வங்கிச் சட்டத்தரணி ஏற்றுக்கொள்வது கடினம். நொத்தாரிசு, நில அளவையாளர், காணிப் பதிவுக் கந்தோர், மதிப்பீட்டாளர் என்று படியேறி இறங்குவதற்கே, கேட்கும் கடனில் ஒரு பங்கு செலவாகிவிடும்.

1934 ஆம் ஆண்டில் சேர் சொராப்ஜி பொச்கானவாலா தலைமையில் வங்கி ஆணைக்குழு ஒன்று விசாரணை நடத்திற்று. இந்நாட்டார் கடன் பெறுவதில் உற்ற இடர்களை அது எடுத்துக் கூறி, அரசாங்க உதவியுடன் ஒரு வங்கி அமைத்தல் வேண்டும் என விதந்துரைத்தது. அதன் பயனாக 1939 ஆம் ஆண்டு ஓகஸ்டு மாதம் முதலாந் திகதி இலங்கை வங்கி திறக்கப்பட்டது. 1943 இல் விவசாயக் கைத்தொழிற் கடன் கூட்டுத்தாபனமும், 1955 இல் அபிவிருத்தி நிதிக் கூட்டுத்தாபனமும் தோன்றின. ஒவ்வொன்றும் முன்னையது எட்டாத இடத்தை எட்டுவதற்கென்றே எழுந்தது. ஆயினும், அவற்றினால் நடுத்தர வணிகரும் பெருங் கைத்தொழிலாளரும் எய்திய அளவு நன்மையைச் சிறுதொழிலாளன் எய்தவில்லை.

இதற்கு உத்தியோகத்தரை மட்டும் குறை கூறுதல் நீதியாகாது. பொதுப்பணம் வரி செலுத்துவோரின் பணம். அதைக் கண்டவாறு அள்ளிக் கொடுத்தல் அறமன்று. படிவங்களும் சாட்சிப் பத்திரங்களும் அப்பணத்தைக் காப்பதற்கென ஏற்பட்ட வேலிகளே. ஆனால், அவ்வேலியின் அமைப்பிலேயே ஒரு குறை உண்டு. கொடுத்த கடன் திரும்பி வராவிடின் கணக்குப் பரிசோதகர் அதைக் கண்டுபிடிப்பார். கையொப்பமிட்ட உத்தியோகத்தர் விளக்கம் கூறவேண்டும். கொடுக்காது விட்ட கடனோ எந்தக் கணக்கேட்டிலும் ஏறாது. திறமையுள்ள தச்சனொருவன் திருப்பி அனுப்பப்பட்டதால் ஓர் ஊர் இழந்த பொருளையும், அவனிடம் தொழில் பழகியிருக்கக்கூடிய நான்கு இளைஞரின் பிழைப்பையும் பரிசோதகர் எவரும் கேட்பதில்லை. ஆதலால், மறுத்தல் பாதுகாப்பாகவும் இசைதல் ஆபத்தாகவும் உத்தியோகத்தருக்குத் தோன்றுவது இயல்பே. 'சாமி வரங்கொடுத்தாலும் பூசாரி இடங்கொடான்' என்று ஊரார் சொல்லும் பழமொழியில், பூசாரியின் அச்சத்தையும் சேர்த்து எண்ணுதல் வேண்டும்.

1961 ஆம் ஆண்டு யூலை மாதத்தில் மக்கள் வங்கி தொடங்கப்பட்டது. கூட்டுறவு இயக்கத்தை வேராகக் கொண்டு எழுந்த அவ்வங்கி, முன்னர் வங்கிக் கட்டிடத்தையே கண்டிராத ஊர்களிலும் கிளை பரப்பியது. 1969 ஆம் ஆண்டின் சட்டத்தால் கைத்தொழில் அபிவிருத்திச் சபை உருவாயிற்று. எனினும், அக்காலத்தில் அந்நியச் செலாவணி அருகியது, இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. கடன் பெற்றவன் மூலப்பொருளுக்கும் உதிரிப்பாகத்துக்கும் அனுமதிப் பத்திரம் பெறவேண்டியவனானான். பணம் இருந்தும் நூல் இல்லாமல் தறி நின்றது. நூல் வந்தபோது கடன் தவணை வந்து நின்றது.

1971 இல் வேலையற்ற இளைஞருக்கென்று பிரிவு அபிவிருத்திச் சபைத் திட்டம் தொடங்கப்பட்டது. ஊர் மக்களே தம் பகுதிக்கு ஏற்ற தொழில்களைத் தெரிந்து திட்டம் வகுக்கவேண்டும் என்பது அதன் நோக்கம். நோக்கம் உயர்ந்தது. ஆனால், ஊரில் எழுந்த திட்டம் கச்சேரிக்கும் கொழும்புக்கும் சென்று இசைவு பெற்றே திரும்பவேண்டியிருந்தது. உலைக்களத்தில் இரும்பு சூடாக இருக்கும்போதே அடிக்கவேண்டும். இளைஞரின் ஊக்கமும் அத்தகையதே.

1977 இல் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் பெரிதும் தளர்ந்தன. 1979 ஆம் ஆண்டில் சிறிய, நடுத்தரக் கைத்தொழில்களுக்கான கடன் திட்டமொன்று உலக வங்கிக் குழுவின் உதவியோடு ஆரம்பமாயிற்று. அத்திட்டத்தில் வங்கிகள் கொடுக்கும் கடனின் ஒரு பகுதிக்கு மத்திய வங்கி உத்தரவாதம் அளித்தது. 1884 இல் ஒரு பெரிய வங்கியின் நோட்டுகளுக்குப் பிணை நின்ற அரசு, தொண்ணூற்றைந்து ஆண்டுகளின் பின் சிறுதொழிலாளனுக்கும் பிணை நிற்க முன்வந்தது. இவ்வரலாற்றில் இதனையே பெருந் திருப்பம் எனலாம். 1985 முதல் மாவட்டந்தோறும் எழுந்த பிராந்திய கிராம அபிவிருத்தி வங்கிகளும் அவ்வழியிற் சென்றன.

பொது வாயில் ஒடுங்கினால் பிற வாயில் திறக்கும் என்பதற்கு அண்மைக்கால நிகழ்ச்சியொன்று சான்று. 2009 இல் போர் முடிந்தபின் வடக்கிலும் கிழக்கிலும் நுண்கடன் நிறுவனங்கள் பல வந்தன. கோழி வளர்க்கவும் சிறுகடை வைக்கவும் விரும்பிய பெண்களுக்கு, உறுதியும் நிலப்படமும் கேளாது, அயலவர் குழுவின் பிணையில் அவை பணம் கொடுத்தன. வட்டிச் சுமை பெருகிப் பல குடும்பங்கள் நலிந்தன. 2016 இல் நுண்நிதிச் சட்டம் நிறைவேறியது. 2018 இல் வரட்சியால் தாக்குண்ட மாவட்டங்களின் பெண்களுக்கு, ஓரிலட்சம் ரூபாவுக்குட்பட்ட கடன்களில் அரசாங்கம் நிவாரணம் அறிவிக்கவேண்டியதாயிற்று.

1911 இன் சங்கத்திலும் அயலவரே பிணை. இக்குழுக்களிலும் அயலவரே பிணை. வேறுபாடு யாது? சங்கத்தில், பிணை நின்றவரே பணத்துக்கும் உடையவர். வட்டியைத் தீர்மானித்தவரும் இலாபத்தைப் பெற்றவரும் அவரே. நுண்கடன் குழுவிலோ பொறுப்பு அயலவருக்கு, அதிகாரம் நிறுவனத்துக்கு. பிணையையும் அதிகாரத்தையும் பிரித்துவிட்டால் நல்ல முறையும் நஞ்சாகும் என்பதை இது காட்டுகின்றது.

ஆகவே, சிறுதொழிலுக்கு உதவ எண்ணும் அரசு புதிய நிறுவனமொன்றைத் திறப்பதோடு அமைதல் போதாது. அந்நிறுவனத்தின் வாயிலிற் கேட்கப்படும் முதல் வினாவை மாற்றுதல் வேண்டும். விண்ணப்பகாரனை அறிந்த ஊராருக்குத் தீர்ப்பிற் பங்களித்து, இழப்பில் ஒரு பகுதியை அரசு தாங்கி, கொடாது விட்ட கடனுக்கும் உத்தியோகத்தரிடம் கணக்குக் கேட்குமாயின், வேலி பயிரைக் காக்கும்; பயிரை மறைக்காது.