புல்வெளி ஊர்கள் – 9: ரயில் வராத நிக்கோடெமஸ்

1878-ஆம் ஆண்டு. கென்டக்கியிலிருந்து ரயிலில் எல்லிஸ் வரை வந்து, அங்கிருந்து மரம் மட்டை இல்லாத புல்வெளியில் இரண்டு நாள் பயணம் செய்து ஊருக்கு வந்து சேர்ந்தார் வில்லியானா ஹிக்மன். ஆனால், ஊர் எதுவும் அவர் கண்ணில் படவில்லை. கணவர் கைகாட்டிய பக்கம் தரையிலிருந்து ஆங்காங்கே புகை கிளம்பிக்கொண்டிருந்தது. மேட்டுச் சரிவுகளைக் குடைந்து, அதற்குள்தான் எல்லோரும் குடித்தனம் நடத்தினார்கள். அதைக் கண்டதும் அழுதுவிட்டதாகப் பிற்காலத்தில் அவரே சொன்னார்.

கான்சஸ் மாநிலத்தின் வடமேற்கில், சாலமன் ஆற்றை ஒட்டிய ஊர் நிக்கோடெமஸ். அடிமை முறை ஒழிந்த பிறகும் தெற்கில் கறுப்பின மக்களுக்கு நிலமும் இல்லை, நிம்மதியும் இல்லை. மேற்கிலோ 5 ஆண்டுகள் தங்கிப் பயிர் செய்தால் 160 ஏக்கர் சொந்தம் என்றது 1862-ஆம் ஆண்டின் ஹோம்ஸ்டெட் சட்டம். டபிள்யூ. ஆர். ஹில் என்ற வெள்ளைக்கார நில வியாபாரியும் டபிள்யூ. எச். ஸ்மித் என்ற கறுப்பினப் பாதிரியாரும் 1877-இல் கூட்டுச் சேர்ந்து ஊரை நிறுவினார்கள். அவர்கள் பரப்பிய துண்டறிக்கைகளை நம்பி, அந்தச் செப்டம்பரிலேயே 300-க்கும் மேற்பட்டோர் வந்து இறங்கினார்கள்.

கையில் காசில்லை, உழுவதற்குப் போதிய குதிரைகளும் இல்லை. மண்வெட்டியாலேயே நிலத்தைக் கொத்தினார்கள். காய்ந்த எருமைச் சாணமும் சூரியகாந்தித் தண்டும்தான் விறகு. முதல் குளிர்காலத்தில், வேட்டை முடிந்து அவ்வழியே திரும்பிய ஓசேஜ் பழங்குடியினர் தங்கள் இறைச்சியில் பங்கு கொடுத்தார்கள். கான்சஸில் இருந்த சொந்த நிலத்தைச் சில ஆண்டுகளுக்கு முன்புதான் பறிகொடுத்தவர்கள் அவர்கள்.

பத்தே ஆண்டுகளில் கடைகள், தேவாலயங்கள், பள்ளிக்கூடம், ஹோட்டல், இரண்டு பத்திரிகைகள் என்று ஊர் நிமிர்ந்தது. ஊரின் முன்னணித் தலைவர்களில் ஒருவரான எட்வர்ட் மெக்கேப், 1882-இல் மாநிலத் தணிக்கை அதிகாரியாகவே தேர்ந்தெடுக்கப்பட்டார்.

ரயில் வந்தால் ஊர் நகரமாகிவிடும் என்று எல்லோரும் நம்பினார்கள். மிசோரி பசிபிக் நிறுவனம் பாதை போடுவதற்காக 16,000 டாலர் கடன் பத்திரங்களுக்கு 1887-இல் வாக்களித்தார்கள். அந்த ரயில் வரவே இல்லை. மறுவருடம் யூனியன் பசிபிக் பாதை ஆற்றுக்குத் தெற்கே போனது. அங்கே போக் என்ற புது ஊர் முளைத்தது. வியாபாரிகள் கடையோடு அங்கே பெயர்ந்தார்கள், பத்திரிகைகள் நின்றன. 1930-களின் வறட்சியும் புழுதிப் புயலும் மிச்சம் இருந்தவர்களில் பலரைக் கிளப்பின. 1953-இல் தபால் நிலையமும் மூடப்பட்டது.

எனினும் ஊர் வரைபடத்திலிருந்து மறையவில்லை. 1996-இல் அது தேசிய வரலாற்றுத் தலமானது. இன்று நிரந்தரமாகக் குடியிருப்பவர்கள் சிலரே. ஆனால், ஒவ்வொரு ஜூலைக் கடைசியிலும் அடிமை விடுதலையைக் கொண்டாட அமெரிக்காவின் பல மூலைகளிலிருந்தும் பேரன் பேத்திகள் அங்கே கூடுகிறார்கள். ரயில் பாதையை நம்பிக் கட்டிய கடைத்தெரு கலைந்தது. நிலத்தை நம்பி வந்தவர்களின் உறவுமுறை கலையவில்லை.

கான்சஸில் இனி வழியில்லை என்று கண்ட மெக்கேப், கறுப்பின மக்களுக்கென்றே ஒரு மாநிலம் அமைக்கும் கனவோடு ஓக்லஹோமாவுக்குக் கிளம்பினார். 1890-இல் அவர் அங்கே நிறுவிய லாங்ஸ்டன் ஊரை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)