தீக்குச்சி யாருக்குச் சோறு போட்டது?

ஒரு புதுப்பொருளைக் கண்டுபிடித்துவிட்டால் பணம் தானாக வந்து குவியும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். கல்லூரி முதலாண்டு மாணவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வியும் இதுதான்: “சார், இதைப் பேட்டன்ட் செய்தால் எவ்வளவு கிடைக்கும்?” இதற்கு எடிசனையோ பெல்லையோ எடுத்துக்காட்டுவது வழக்கம். அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. பனவடலிசத்திரம் கடைத்தெருவில் எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும் தீப்பெட்டியை எடுத்துக்கொண்டாலே போதும். இங்கிருந்து கழுகுமலை, கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி என்று நீளும் கரிசல் வட்டாரத்துக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாகக் கூலி கொடுத்துவரும் பொருள் அது. அதைக் கண்டுபிடித்தவருக்கு அது என்ன கொடுத்தது என்று பார்ப்போம்.

தீக்குச்சி வருவதற்கு முன் நெருப்பு என்பது பாதுகாத்து வைக்க வேண்டிய பொருளாக இருந்தது. அடுப்பில் கங்கைச் சாம்பலால் மூடி வைப்பார்கள். அது அணைந்துவிட்டால் அண்டைவீட்டுக்குக் கொட்டாங்கச்சியோடு போய் நெருப்பு வாங்கி வருவார்கள். அதுவும் இல்லையென்றால் சக்கிமுக்கிக் கல்லை இரும்பில் தட்டிப் பொறி எழுப்பி, பஞ்சில் பிடித்து ஊத வேண்டும். ஐரோப்பாவிலும் நிலைமை இதுவே.

1827ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள், இங்கிலாந்தில் ஸ்டாக்டன் என்னும் ஊரில் மருந்துக்கடை வைத்திருந்த ஜான் வாக்கர் என்பவர் தம் கணக்குப் புத்தகத்தில் ஒரு விற்பனையைக் குறித்துவைத்தார். உராய்வினால் தீப்பற்றும் குச்சியின் முதல் விற்பனைப் பதிவு அதுதான். குச்சியின் நுனியில் பொட்டாசியம் குளோரேட்டும் ஆன்டிமணி சல்பைடும் பசையில் குழைத்து ஒட்டப்பட்டிருந்தன. மடித்த உப்புத்தாளுக்குள் குச்சியை வைத்து அழுத்தி, வெடுக்கென்று இழுத்தால் பற்றிக்கொள்ளும். காப்புரிமை பெறுமாறு மைக்கேல் ஃபாரடே உட்படச் சிலர் அவரிடம் சொன்னதாகக் கூறுவர். வாக்கர் அதை விரும்பவில்லை. சில ஆண்டுகளுக்குள் லண்டனில் சாமுவேல் ஜோன்ஸ் என்பவர் இதே குச்சியை ‘லூசிஃபர்’ என்று பெயர் சூட்டி விற்கத் தொடங்கினார். ஊர் முழுவதும் ‘லூசிஃபர்’ என்றே பேசியது. வாக்கரின் பெயர் நினைவில் நிற்கவில்லை.

இந்தக் குச்சியில் ஒரு குறை இருந்தது. நன்றாக அழுத்தி இழுத்தால்தான் பற்றும். சில வேளை நுனி மட்டும் பிய்ந்து எரிந்தபடி தெறிக்கும். 1830ஐ ஒட்டி பிரான்சில் சார்ல் சோரியா என்பவர் வெண்பாஸ்பரஸைக் கலந்து இந்தக் குறையைத் தீர்த்தார். வெண்பாஸ்பரஸ் ஏறத்தாழ 30 டிகிரி செல்சியஸிலேயே காற்றில் பற்றிக்கொள்ளும். நம் ஊர்ச் சித்திரை வெயிலே அதற்குப் போதும்! எனவே குச்சியைச் சுவரில் தேய்த்தாலும் பற்றியது, செருப்பில் தேய்த்தாலும் பற்றியது. மக்களுக்கு இது மிகவும் பிடித்துப்போயிற்று, சரக்கும் அமோகமாக விற்றது.

ஆனால் தொழிற்சாலைகளில் அந்தப் புகையைச் சுவாசித்தவர்களின் தாடை எலும்பு அழுகத் தொடங்கியது. முதலில் பல்வலி வரும், பின் ஈறு வீங்கிச் சீழ் பிடிக்கும், எலும்பு செத்துப்போகும். தாடையை வெட்டி எடுப்பதைத் தவிர மருத்துவர்களுக்கு வழி தெரியவில்லை. 1888ஆம் ஆண்டு ஜூலையில் லண்டனில் பிரையன்ட் அண்ட் மே தொழிற்சாலையின் பெண்கள் ஏறத்தாழ 1,400 பேர் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்களுடைய அவலத்தைப் பத்திரிகையில் எழுதி உலகறியச் செய்தவர், பின்னாளில் சென்னை அடையாறில் வாழ்ந்த அன்னி பெசன்ட் அம்மையாரே.

இதில் வியப்பு என்னவென்றால், நஞ்சில்லாத தீக்குச்சி அதற்கு 44 ஆண்டுகளுக்கு முன்பே கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது! ஸ்வீடன் நாட்டு வேதியியலார் குஸ்தாவ் எரிக் பாஷ் 1844இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றுவிட்டார். அவர் செய்தது இரண்டு மாற்றங்கள். வெண்பாஸ்பரஸுக்குப் பதிலாகச் செம்பாஸ்பரஸைப் பயன்படுத்தினார். அதையும் குச்சியின் தலையில் வைக்காமல் பெட்டியின் பக்கத்தில் தடவினார். எரியத் தேவையான இரண்டு பொருள்களையும் பிரித்து வைத்துவிட்டால், குச்சி பெட்டியோடு உராயும்போது மட்டுமே தீ பிறக்கும். எவ்வளவு எளிய எண்ணம் பாருங்கள்.

இங்கே சற்று நின்று, ஒரு குச்சியை உரசும்போது நடப்பதைக் கவனிப்போம். பெட்டியின் பக்கத்தில் செம்பாஸ்பரஸும் கண்ணாடித் தூளும் பசையும் உள்ளன. குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட், கந்தகம், கண்ணாடித் தூள், பசை. கண்ணாடித் தூள் சொரசொரப்புக்காக. உராய்வு வெப்பம் அதனால் கூடுகிறது. அந்த வெப்பத்தில் மிகச் சிறிதளவு செம்பாஸ்பரஸ் வெண்பாஸ்பரஸாக மாறி உடனே பற்றுகிறது. இந்தச் சின்னஞ்சிறு பொறியின் சூட்டில் பொட்டாசியம் குளோரேட் சிதைந்து ஆக்சிஜனை வெளிவிட, கந்தகம் எரிகிறது. மரத்துக்குத் தீ தாவுவதற்காகக் குச்சியின் நுனிப்பாகம் மெழுகில் முக்கப்பட்டிருக்கும். மெழுகு இல்லாத குச்சி ‘சுர்’ரென்று சீறிவிட்டு அணைந்துபோகும். தரமான குச்சியை ஊதி அணைத்ததும் கங்கு மினுக்காமல் கருத்துவிடுவதையும் பார்த்திருப்பீர்கள். அம்மோனியம் பாஸ்பேட் கரைசலில் மரத்தை ஊறவைப்பதன் பலன் அது.

இத்தனை அருமையான குச்சி பாஷுக்கு லாபம் தரவில்லை. செம்பாஸ்பரஸின் விலை அந்நாளில் மிக அதிகம். ஸ்டாக்ஹோமில் நடந்த உற்பத்தி கட்டுப்படியாகாமல் நின்றுபோயிற்று. யோன்சோப்பிங் என்னும் ஊரைச் சேர்ந்த லுண்ட்ஸ்ட்ரோம் சகோதரர்கள்தாம் அதை மறுபடி கையில் எடுத்தனர். அதற்குள் இங்கிலாந்தில் ஆர்தர் ஆல்பிரைட் என்பவர் செம்பாஸ்பரஸைப் பேரளவில் தயாரிக்கும் முறையை உருவாக்கியிருந்தார். 1855ஆம் ஆண்டு பாரிஸ் பொருட்காட்சியில் லுண்ட்ஸ்ட்ரோமின் தீப்பெட்டி பதக்கம் வாங்கியது. பின்பு அலெக்சாண்டர் லாகர்மன் என்னும் பொறியாளர் தீப்பெட்டி இயந்திரங்களை அமைத்துத் தந்தார். விலை இறங்கிய பிறகும் வெண்பாஸ்பரஸ் குச்சி தானாக மறையவில்லை. எங்கு தேய்த்தாலும் பற்றும் வசதியை விட வாங்குவோருக்கு மனமில்லை, விற்போருக்கும் இல்லை. 1906இல் பெர்ன் நகரில் பல நாடுகள் கூடி ஒப்பந்தம் செய்தன. இந்தியாவில் 1913ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடை செய்தது. தாடை அழுகும் நோய் சந்தையால் ஒழியவில்லை, சட்டத்தால்தான் ஒழிந்தது என்பதே என் கருத்து.

இனி நம் பக்கம் வருவோம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியா எரித்ததெல்லாம் ஸ்வீடன் குச்சியும் ஜப்பான் குச்சியும்தாம். சுதேசி இயக்கக் காலத்தில் பல இடங்களில் தொழிற்சாலைகள் தொடங்கப்பட்டு, பெரும்பாலானவை நொடித்துப் போயின. 1922இல் இறக்குமதித் தீப்பெட்டியின் மீதான வரி ஒரு குரோசுக்கு, அதாவது 144 பெட்டிக்கு, ஒன்றரை ரூபாயாக உயர்ந்தது. அந்த ஆண்டில்தான் சிவகாசியைச் சேர்ந்த உறவினர்களான அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்கு ரயிலேறினார்கள். அங்கே தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு 1923இல் ஊர் திரும்பி, ஜெர்மானிய இயந்திரங்களைக் கொண்டு தொழில் தொடங்கினர்.

அதே 1923இல் ஸ்வீடன் தீப்பெட்டி நிறுவனமும் சும்மா இருக்கவில்லை. வரிச்சுவருக்கு வெளியே நின்று விற்பதைவிட உள்ளே வந்து செய்வது மேல் என்று கண்டு, விம்கோ நிறுவனத்தைத் தொடங்கியது. பம்பாய்க்கு அருகே அம்பர்நாத்திலும், பின் சென்னைத் திருவொற்றியூர் முதலிய இடங்களிலும் அதற்குப் பெரிய ஆலைகள் இருந்தன. அந்நாளில் அதன் தலைவர் ஐவர் குரூகர். அரசாங்கங்களுக்கே கடன் கொடுத்து, ஈடாக அந்நாடுகளின் தீப்பெட்டி விற்பனையை ஏகபோகமாகப் பெற்றவர். இப்படிப்பட்டவரோடு சிவகாசி எப்படிப் போட்டியிட்டது?

இயந்திரத்தைக் கைவிட்டுத்தான் போட்டியிட்டது. புதுமை என்றாலே இயந்திரம் என்று எண்ணுகிறோம். இங்கே கதை தலைகீழ். ஆலை ஒரே கூரையின்கீழ் செய்யும் வேலையைச் சிறு சிறு கூறுகளாக்கிக் கிராமங்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். பெட்டி ஒட்டுவது வீட்டுத் திண்ணையில் நடக்கும். கட்டை அடுக்குவது ‘தீப்பெட்டி ஆபீஸில்’ நடக்கும். (எங்கள் பக்கத்தில் தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை, ஆபீஸ்தான்.) மருந்தில் முக்குவது, குச்சியைப் பெட்டியில் அடைப்பது, பக்கத்துக்கு மருந்து தடவுவது எல்லாம் தனித்தனி ஆட்களின் வேலை.

கட்டை என்பது வரிவரியாகப் பள்ளம் வெட்டிய மரச்சட்டங்களின் தொகுதி. பள்ளத்துக்கு ஒரு குச்சி வீதம் வைத்துச் சட்டத்தின்மேல் சட்டமாக அடுக்கி இறுக்கினால், ஆயிரக்கணக்கான குச்சிகள் ஒன்றையொன்று தொடாமல் ஒரே மட்டத்தில் நீட்டிக்கொண்டு நிற்கும். அப்படியே மெழுகில் ஒரு முக்கு, மருந்தில் ஒரு முக்கு. குச்சிகள் தொட்டுக்கொண்டால் தலைகள் ஒட்டிப்போகும். மட்டம் பிசகினால் பாதிக்கு மருந்து ஏறாது. ஸ்வீடன் இயந்திரம் எஃகில் செய்ததை இந்தக் கட்டை மரத்தில் செய்தது. பாடநூல் எதிலும் இதன் படத்தை நான் பார்த்ததில்லை.

இன்னொரு துணை வானிலை. மழை குறைந்த, வறண்ட காற்றுள்ள பூமி இது. ஈரப்பதம் குறைவான காற்றில் நீர் விரைவாக ஆவியாகும். பசையும் மருந்தும் செலவில்லாமல் வெயிலில் உலர்ந்தன. உழவுக்குத் துரோகம் செய்த வானம் தீப்பெட்டிக்கு உதவியது. பொய்த்த மானாவாரியால் வேலையற்றிருந்த கைகள் குறைந்த கூலிக்குக் கிடைத்தன என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தீப்பெட்டி லேபிள் அச்சிட வந்த அச்சகங்களே சிவகாசியை அச்சுத்தொழில் நகரமாக வளர்த்தன. மருந்துக் கலவை பற்றிய பழக்கம் பட்டாசுக்கு வழிவிட்டது.

குறைந்த கூலியின் அடித்தட்டில் இருந்தவர்கள் குழந்தைகள். கட்டை அடுக்கச் சின்ன விரல்களே ஏற்றவை என்று ஒரு வாதம் வெகுகாலம் சொல்லப்பட்டது. இயற்பியல் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஒரு பள்ளத்தில் குச்சியை வைக்க விரலின் சிறுமை தேவையில்லை. சிறிதாக இருந்தது விரலன்று, கூலி. விடியுமுன்பே கிராமங்களுக்கு வண்டி வந்து பிள்ளைகளை ஏற்றிச் சென்ற காலம் அது. 1986ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் தீப்பெட்டி செய்வதில் 14 வயதுக்குட்பட்டோரை ஈடுபடுத்துவதைத் தடை செய்தது. ஆனால் குடும்பத்தார் தாமே நடத்தும் வேலைக்கு விலக்கு அளித்தது. பெட்டி ஒட்டுவது வீட்டில் நடக்கும் வேலையாயிற்றே! 1996 டிசம்பரில் உச்சநீதிமன்றம், சிவகாசி தொடர்பாக எம். சி. மேத்தா தொடுத்த வழக்கில், இப்படி அமர்த்தப்படும் ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அதன்பின் பிள்ளைகள் பள்ளிக்குத் திரும்பத் திரும்ப, கைவிடப்பட்ட இயந்திரங்கள் வேறு உருவில் மெல்லத் திரும்பி வந்தன. விம்கோ 2005இல் ஐ.டி.சி. வசம் போயிற்று.

விலைக்கணக்கைப் பாருங்கள். 2007இல் ஒரு ரூபாயான தீப்பெட்டி 2021 டிசம்பர் வரை, 14 ஆண்டுகள், அதே ஒரு ரூபாய்தான். அந்த ஆண்டில் 600 பெட்டி கொண்ட ஒரு பண்டல் உற்பத்தியாளர் கையிலிருந்து 270 முதல் 300 ரூபாய்க்குப் போனது. அதாவது பெட்டிக்கு அரை ரூபாய். 50 குச்சி என்று வைத்தால் குச்சிக்கு ஒரு பைசா. அந்த ஒரு பைசாவுக்குள் மரம், மெழுகு, மருந்து, அட்டை, கூலி, லாபம் எல்லாம் அடங்க வேண்டும். செம்பாஸ்பரஸ் கிலோ 425 ரூபாயிலிருந்து 810க்கு ஏறியதும் தாங்க முடியாமல் பெட்டியை இரண்டு ரூபாயாக்கினார்கள். 1844இல் பாஷைச் சாய்த்த அதே செம்பாஸ்பரஸ்!

இரண்டு ரூபாய்ப் பெட்டிக்கு எதிரியாக வந்தது, வெளிநாட்டிலிருந்து மலிவாக இறங்கிய பிளாஸ்டிக் லைட்டர். ஒரு லைட்டர் 20 தீப்பெட்டியின் விற்பனையைத் தின்றுவிடுகிறது என்று கோவில்பட்டி வட்டார உற்பத்தியாளர்கள் முறையிட்டனர். 2023 ஜூன் 29இல் 20 ரூபாய்க்கு உட்பட்ட சிகரெட் லைட்டர்களின் இறக்குமதியை மத்திய அரசு தடை செய்தது. 2024 அக்டோபரில் அவற்றின் உதிரி பாகங்களுக்கும் தடை வந்தது. சக்கரம் வைத்த லைட்டரைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே ஒரு சிறு கல் இருக்கும். சீரியமும் இரும்பும் கலந்த உலோகம் அது. ஆஸ்திரிய வேதியியலார் அவுவர் ஃபான் வெல்ஸ்பாக் 1903இல் காப்புரிமை பெற்றது. எஃகுச் சக்கரம் அதைச் சுரண்ட, பறக்கும் துகள் காற்றில் எரிந்து பொறியாகிறது. நம் பாட்டன்மார் இடுப்பில் செருகியிருந்த சக்கிமுக்கியின் பேரப்பிள்ளை அது. பஞ்சுக்குப் பதில் பியூட்டேன் வாயு.