குடியானவச் சிறுவர் சிருஷ்டித்த கதாநாயகன்

மாஸ்கோவுக்குத் தெற்கே, தூலா நகரத்தை அடுத்த யாஸ்னயா பொல்யானா என்னும் தம் பூர்வீகக் கிராமத்தில், ரஷ்யப் பண்ணையடிமைகள் சட்டப்படி விடுதலை பெறுவதற்கு இரண்டாண்டுகள் முன்பாகவே, 1859-ஆம் ஆண்டில், குடியானவர் பிள்ளைகளுக்கென்று லியோ டால்ஸ்டாய் ஒரு பாடசாலை திறந்தார். தண்டனையில்லை, வீட்டுப்பாடமில்லை, வேண்டிய இடத்தில் உட்காரலாம், மனமில்லாதபோது எழுந்து போகலாம். அப்பள்ளியின் சரித்திரத்தை எழுதுவோர் பெரும்பாலும் இந்தச் சுதந்திரத்தையே விஸ்தரித்துப் பேசுவர். என் உள்ளத்தைக் கொள்ளைகொண்டது வேறொன்று: அங்கே ஒருநாள் மாலை, பத்துப் பன்னிரண்டு வயதுச் சிறுவர் இருவரின் வாயிலாக ஒரு கதாநாயகன் பிறந்த வரலாறு.

அக்காலத்துப் பாடசாலைகளின் வழக்கத்தையொட்டி, எளிய விஷயங்களே குழந்தைகளுக்கு எளிதாயிருக்கும் என்றெண்ணி, ரொட்டியைப் பற்றியும் குடிசையைப் பற்றியும் மரத்தைப் பற்றியும் எழுதச் சொன்னார் டால்ஸ்டாய். பிள்ளைகளோ எழுத வகையறியாது கண்ணீர் விடும் நிலைக்கு வந்துவிட்டனர். பின்னர், ஸ்நெகிர்யோவ் தொகுத்த ரஷ்யப் பழமொழி நூலில் அவர் ஆழ்ந்திருந்த ஒரு சமயம், கரண்டியால் ஊட்டிவிட்டு அதன் காம்பாலேயே கண்ணைக் குத்துவதைச் சொல்லும் பழமொழியொன்றை எடுத்து, அதற்கேற்ப ஒரு கதை கட்டலாமென்றார். நீரே எழுதும் என்று பிள்ளைகள் சொல்ல, அவரும் ஒரு பக்கம் எழுதினார். அதைக் கேட்டவர்களுக்குத் திருப்தியில்லை. ஒவ்வொருவராகத் திருத்தம் சொல்லத் தொடங்கி, முடிவில் ஸெம்கா, ஃபெத்கா என்னும் இருவரே கதையை நடத்த, பேரிலக்கியம் படைக்கப் பிறந்த அந்த மனிதர் அவர்கள் சொல்லச்சொல்ல எழுதும் கணக்கப்பிள்ளையானார். ஏழு மணிக்குத் தொடங்கிய வேலை இரவு பதினொன்று வரை நடந்தது. பசியும் அயர்வும் அச்சிறுவரை அணுகவில்லை.

கதை இதுதான்: குடியானவன் ஒருவன், திக்கற்ற பிச்சைக்காரக் கிழவன்மீது இரக்கங்கொண்டு அவனைத் தன் வீட்டில் சேர்த்துக்கொள்கிறான். முதலில் இரங்கியவன் பின்பு தானிட்ட ரொட்டிக்காகவே வருந்துவான் என்பது டால்ஸ்டாயின் யோசனை. பழமொழிக்கும் அது பொருத்தமே. ஃபெத்கா அதை ஒப்பவில்லை. ஆரம்பத்திலேயே மனைவியின் பேச்சைக் கேளாதவன் பிற்பாடு மட்டும் எப்படிப் பணிவான் என்பது அவன் ஆட்சேபம். கடுஞ்சொல் சொல்ல ஒருவர் வேண்டுமென்றால், அதற்குச் சிடுசிடுத்த மனைவி ஒருத்தியைச் சிறுவர்களே படைத்துக் கொடுத்தனர். அப்படியானால் உன் மனத்திலுள்ளவன் எத்தகைய மனிதன் என்று டால்ஸ்டாய் வினவினார். ஃபெத்கா புன்னகையோடு சொன்ன விடையில் ‘நல்லவன்’, ‘தயாளன்’ என்ற குணப்பெயர் ஒன்றுகூட இல்லை. திமோஃபேய் மாமாவைப் போன்றவன், அடர்த்தியில்லாத தாடி, கோயிலுக்குப் போகிறவன், தேனீ வளர்க்கிறவன் என்று மட்டுமே சொன்னான். நல்லவன், ஆனால் பிடிவாதக்காரன், அப்படித்தானே என்று சுபாவத்துக்குப் பெயர் சூட்டியவர் ஆசிரியர். அதற்குரிய ஆளை முழுமையாகக் கண்டிருந்தவன் மாணவன்.

ஆசிரியத் தொழிலில் உள்ளவர்கள் ‘எத்தகைய மனிதன்’ என்ற இந்த ஒரு வினாவில் நின்று நிதானிக்க வேண்டுமென்று நான் விரும்புகிறேன். வீரம், அறம், அழகு என்று குணங்களை அடுக்கித் தந்து அவற்றுக்கு ஒரு கதாநாயகனைச் செய்துவரச் சொல்வது எளிது. அவ்வாறு வருபவன் மெழுகுப் பொம்மையாகவே வருவான். தனக்குத் தெரிந்த அண்டைவீட்டு மனிதனை நினைத்துப் பார்க்கும்படி கேட்கப்பட்ட குழந்தையோ, இரக்கமும் பிடிவாதமும் ஒரே நெஞ்சில் குடியிருக்கக்கூடும் என்பதை எவரும் போதியாமலே எழுதிவிடுகிறது.

இருவரின் பார்வையும் வெவ்வேறு என்பதையும் டால்ஸ்டாய் கூர்ந்து கவனித்தார். ஸெம்காவின் கண்ணுக்கு உறைந்து விறைத்த மரப்பட்டைச் செருப்புகளும், பனி உருக அவற்றினின்று வழியும் சேறும் புலப்பட்டன. ஃபெத்காவோ மனத்தைத் தொடும் விவரத்தை மட்டுமே தேர்ந்தான். கணவன்மேல் குறைசொல்ல அந்த மனைவி, ஞானஸ்நான முறையில் உறவான ஒருவனை நாடி ஓடுகிறாள். புறப்பட்டு வரும் அவன் தோளில் ஒரு பெண்பிள்ளையின் ரோமக்கோட்டைப் போட்டுவிட்டான் ஃபெத்கா. வேறு வர்ணனை வேண்டியிருக்கவில்லை. இருட்டில் கைக்கு அகப்பட்டதை எடுத்து மாட்டிக்கொண்டு வரும் அந்த ஒடுங்கிய மார்புடைய மனிதனையும், குளிர்கால இரவில் ஒரு கிராமத்தின் வாழ்வு முழுவதையும் அதில் தாம் கண்டதாக ஆசிரியர் வியந்து எழுதியிருக்கிறார்.

அந்த முதற்பிரதி நிலைக்கவில்லை. காகித வெடி மடிப்பதில் மோகங்கொண்ட மாணவர் எவர் கையிலோ அகப்பட்டு, பின்பு அடுப்புக்கு இரையாயிற்று. டால்ஸ்டாயின் துயரத்தைக் கண்ட அவ்விருவரும் இரவில் அவர் வீட்டுக்கே வந்து, அவருடைய எழுத்தறையில் கதவைச் சாத்திக்கொண்டு, கதையை மீண்டும் எழுதிக் கொடுத்தனர். அது 1862-இல், பள்ளியின் பெயரையே தாங்கி அவர் நடத்திய சஞ்சிகையில் பிரசுரமாயிற்று. குடியானவச் சிறுவர்களுக்கு நாம் எழுதக் கற்பிப்பதா, அவர்களிடம் நாம் கற்பதா என்னும் வினாவையே தலைப்பாக்கி, இந்நிகழ்ச்சிகளையெல்லாம் அதே ஆண்டில் அவர் கட்டுரையாக எழுதினார். பட்டாளத்துக்குப் போனவனின் மனைவி பட்ட பாடுகளைச் சொல்லும் ஃபெத்காவின் இரண்டாவது கதைக்கு அவர் அளித்த புகழ்ச்சி, ரஷ்ய இலக்கியத்தில் எவருக்கும் அவர் எளிதில் அளித்ததன்று.

அவ்வாண்டுக் கோடையில், டால்ஸ்டாய் ஊரில் இல்லாதபோது, அரசாங்கப் போலீஸார் அவருடைய மாளிகையைச் சோதனையிட்டனர். செப்டம்பரில் அவருக்கு விவாகம் நடந்தது. சில காலத்தில் பள்ளியும் ஓய்ந்தது. ஃபெத்கா என்று கட்டுரையில் குறிக்கப்பெற்ற வஸீலி மொரோஸவ், முதிர்ந்த பருவத்தில், தம் ஆசிரியரையும் அப்பள்ளியையும் பற்றிய நினைவுகளை எழுதிவைத்தார்.