தொண்டர் எனப்படுவோர் யார்? நோய்த்தொற்றுப் பரிசோதனைகளின் சமூக வரலாறு பற்றிய ஒரு நோக்கு

2021ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில், உடல்நலம் மிக்க இளைஞரின் மூக்கினுள் கொவிட்-19 நோய்க்குக் காரணமான வைரசை வேண்டுமென்றே துளிகளாக இட்டு, நோய் தோன்றி வளரும் விதத்தை அவதானிக்கும் ஆய்வொன்றுக்குப் பிரித்தானியாவில் ஒழுக்கவியல் அனுமதி வழங்கப்பட்டது. இலண்டன் இம்பீரியல் கல்லூரியைச் சேர்ந்த அறிஞர்கள் தலைமைதாங்க, றோயல் ஃபிறீ மருத்துவமனையில் அது நடைபெற்றது. பங்குபற்றியோர் 36 பேர். 18 வயதுக்கும் 30 வயதுக்கும் இடைப்பட்டோராய், அந்நோய்க்கு முன்னர் ஆளாகாதோராய், தடுப்பூசி பெறாதோராய், நோயைக் கடுமையாக்கவல்ல குறைபாடு எதுவும் இல்லாதோராய் அவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டனர். தனித்திருந்த நாட்களுக்கும் பின்தொடர்ந்த பரிசோதனைகளுக்குமாக ஒருவருக்கு ஏறத்தாழ 4,500 பவுண் வழங்கப்பட்டது. இத்தகையோரை நாம் 'தன்னார்வலர்' என்கிறோம். 'தொண்டர்' என்றும் சொல்கிறோம்.

'தொண்டர்' என்னும் சொல் சிறிது நின்று நோக்கத்தக்கது. தமிழிலே 'தொண்டு' அடிமைத்திறத்தையும் விரும்பி ஏற்கும் பணியையும் ஒருங்கே சுட்டி வந்துள்ளது. சேக்கிழாரின் காப்பியத்துக்குத் திருத்தொண்டர் புராணம் என்ற பெயர் அமைந்தபோது அவ்விரு பொருளும் பிரிக்கவொண்ணாதவாறு இணைந்திருந்தன. எமது நாட்டிலே 'தொண்டர் ஆசிரியர்' என்றொரு வழக்கு உண்டு. நிரந்தர நியமனத்தை எதிர்பார்த்து, ஊதியமின்றியோ அற்பக் கொடுப்பனவுடனோ ஆண்டுக்கணக்காகக் கற்பிக்கும் இளைஞரையும் யுவதிகளையும் அது குறிக்கும். அவர்கள் விரும்பியே வருகின்றனர். எனினும் அவ்விருப்பத்தை உருவாக்கியது வேலையின்மையே என்பதை அறியாதார் இல்லை. இதே ஐயத்தை மருத்துவ வரலாற்றின்பால் திருப்பினால் என்ன தெரியவரும்? தன்னுடலில் நோயை ஏற்க முன்வரும் உரிமை எக்காலத்தில் எவருக்கு வழங்கப்பட்டது, எந்த நியாயத்தின் பேரில் வழங்கப்பட்டது என்பதே எமது வினா.

ஆரம்பக் கட்டத்தில் இவ்வினாவுக்கே இடமிருக்கவில்லை. 1796ஆம் ஆண்டு மே 14ஆம் திகதி எட்வேட் ஜென்னர் மாட்டம்மைச் சீழை ஏற்றியது ஜேம்ஸ் ஃபிப்ஸ் என்னும் எட்டு வயதுச் சிறுவனின் கையிலாகும். ஜென்னருக்குத் தோட்டவேலை செய்த கூலித் தொழிலாளி ஒருவனின் மகன் அவன். பின்னர் அவனுடலில் பெரியம்மைக் கிருமியும் ஏற்றப்பட்டது. எசமானுக்கும் வேலையாளுக்கும் இடையிலான உறவே அங்கு சம்மதத்தின் இடத்தை நிரப்பிற்று. ஒரு நூற்றாண்டு கழித்து, 1897இல், மஞ்சட் காய்ச்சலின் காரணியைக் கண்டுவிட்டதாக அறிவித்த இத்தாலிய அறிஞர் சனறெல்லி, தாம் வளர்த்த நுண்ணுயிரை ஐந்து பேருக்கு ஏற்றியதாகவும் எழுதினார். அவர்களிடம் எவரும் சம்மதம் கேட்கவில்லை. இச்செயல் குற்றமாகும் என வில்லியம் ஒஸ்லர் அடுத்த ஆண்டே கண்டித்தார். உடன்படிக்கை என்னும் கருவி மருத்துவ ஆய்வினுள் நுழைவதற்கான பகைப்புலம் இதுவே.

அவ்வுடன்படிக்கை எழுதப்பட்ட இடம் கியூபா. ஸ்பெயினைத் தோற்கடித்த ஐக்கிய அமெரிக்கா 1899 முதல் 1902 வரை அத்தீவை இராணுவ ஆட்சியின் கீழ் வைத்திருந்தது. ஆக்கிரமிப்புப் படைகளுக்கும் அமெரிக்கத் தென்பகுதித் துறைமுகங்களின் வணிகத்துக்கும் மஞ்சட் காய்ச்சல் பெருந்தடையாயிருந்தது. 1900ஆம் ஆண்டு வோல்ட்டர் றீட் தலைமையில் ஜேம்ஸ் கரோல், ஜெஸ்ஸி லசியர், அரிஸ்டிடெஸ் அக்றமொன்ரே ஆகியோரைக் கொண்ட இராணுவ ஆணைக்குழு ஹவானா வந்தது. நோயை நுளம்பு பரப்புகிறது என்ற கருத்தைக் கியூப மருத்துவர் கார்லோஸ் ஃபின்லே 1881இலேயே முன்வைத்திருந்தார். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அது ஏளனத்துக்கு ஆளாகியிருந்தது. அதனை நிறுவுவதற்கு மனித உடல் தேவைப்பட்டது. ஏனெனில் அந்நோயைத் தோற்றுவிக்கத்தக்க விலங்கு எதுவும் அன்று அறியப்பட்டிருக்கவில்லை. முதலில் மருத்துவர்கள் தம்மையே உட்படுத்தினர். ஓகஸ்ட் மாத இறுதியில் கரோல் நுளம்புக் கடிக்கு உள்ளாகி மரணத்தின் விளிம்புவரை சென்று மீண்டார். செப்ரெம்பர் 25ஆம் திகதி லசியர் இறந்தார். றீட் அவ்வேளை வாஷிங்ரனில் இருந்தார். அவர் திரும்பிவந்து ஆய்வைத் தொடர்ந்தபோது, நுளம்புக்குக் கொடுக்கப்பட்ட கை மருத்துவரின் கையாக இருக்கவில்லை.

இங்கு ஒருவரைத் தகுதியுடையவராக்கியது எது? நோயெதிர்ப்பு அற்றிருத்தல். தீவிலே பிறந்து வளர்ந்தோர் பெரும்பாலும் இளமையிலேயே நோய்ப்பட்டு எதிர்ப்பைப் பெற்றிருந்தனர். புதிதாக வந்திறங்கியவனே ஆய்வுக்கு உகந்தவன். அவ்வாறு புதிதாக வந்திறங்கியோர் யாரெனில், ஒருபுறம் அமெரிக்கப் படைவீரர். மறுபுறம் வேலைதேடிக் கடல்கடந்த ஸ்பானிய ஏழை இளைஞர். உடலியல் நிபந்தனை போலத் தோன்றுவது இங்கு ஒரு சமூக நிலையின் மறுபெயராகிவிடுவதை நாம் மனங்கொள்ளவேண்டும்.

ஆட்சேர்ப்பு நடைபெற்ற விதத்தை அக்றமொன்ரே பிற்காலத்தில், 1915இல், ஒளிவுமறைவின்றி எழுதிவைத்துள்ளார். ஹவானாக் குடாவின் மறுகரையிலுள்ள ரிஸ்கோர்னியா குடிவரவு நிலையத்துக்குச் சென்று, எட்டுப் பத்துப் பேரை நாட்கூலிகளாக அவர் அமர்த்துவார். முகாமிலே அவர்களுக்கு வயிறார உணவும் கூடாரமும் நுளம்பு வலையும் உண்டு. நிலத்திற் கிடக்கும் கற்களைப் பொறுக்குவது மட்டுமே வேலை. அதற்கும் இடையிடையே ஓய்வு. அவர்கள் கல் பொறுக்கும் நாட்களில் அவர் பேச்சுக்கொடுத்து, முன்னர் வெப்ப நாடுகளில் வாழ்ந்தனரா, என்ன நோய்கள் கண்டன, தங்கியிருக்கும் குடும்பம் உண்டா என வினவுவார். வயது குறைந்தோரும் குடும்பப் பொறுப்புடையோரும் விலக்கப்பட்டனர். எஞ்சியோரிடமே பரிசோதனை பற்றிய பேச்சு எடுக்கப்பட்டது. கடிபட இசைந்தால் பொன்னாக 100 டொலர். நோய் கண்டால் மேலும் 100 டொலர். ஈமச்செலவு பற்றிய பேச்சு எழவில்லை என அவரே ஒருவகை எள்ளலுடன் குறிப்பிடுகிறார். கல் பொறுக்குவதற்கு நாட்கூலி பெற்றவனுக்கு இத்தொகை என்னவாகத் தோன்றியிருக்கும் என்பதை நாம் விளக்கவேண்டியதில்லை.

எழுத்திலான உடன்படிக்கை ஆங்கிலத்திலும் ஸ்பானிய மொழியிலும் அமைந்தது. இருபத்தைந்து வயதைக் கடந்தவன் தன் சுயவிருப்பத்தின் பேரில் ஒப்பமிடுவதாகவும், முகாமை விட்டு நீங்கினால் பணத்தை இழப்பான் என்றும் அதிற் கூறப்பட்டது. ஹவானாப் பத்திரிகைகள் அமெரிக்கர் குடிவரவாளருக்கு நஞ்சூட்டுவதாகக் குற்றஞ்சாட்டியபோது, ஸ்பானியக் கொன்சல் இவ்வெழுத்துச் சம்மதத்தைக் கண்டே அமைதியடைந்தார். மருத்துவ ஒழுக்கவியல் வரலாறுகளில் இப்பத்திரம் ஒரு மைல்கல்லாகப் போற்றப்படுகிறது. அது தகும். ஆயின் அதிலே அடங்கியுள்ள ஒரு வாதமே எம் கவனத்தை ஈர்க்கிறது. தீவில் தங்கும் காலத்தில் இந்நோயைத் தவிர்ப்பது தனக்கு முற்றிலும் இயலாததாகையால், சிறந்த மருத்துவப் பராமரிப்புக் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் அதனை வேண்டுமென்றே ஏற்க விரும்புவதாக ஒப்பமிடுபவன் கூறுகிறான். எப்படியும் வரப்போகும் நோய்தானே என்பது இதன் சாரம். ஆனால் 'எப்படியும்' என்ற சொல்லுள் ஒரு வரலாறே மறைந்து கிடக்கிறது. ஸ்பெயினின் கிராமங்களில் வாழ வழியற்றுக் கப்பலேறியமையும், கூலிவேலையன்றி வேறு கதியற்றமையும், நோய் மலிந்த துறைமுகத்திலேயே அந்த வேலை கிடைத்தமையும் அதனுள் அடக்கம். தொழிலாளி இருவகையிற் 'சுதந்திரமானவன்' என மார்க்ஸ் 'மூலதனம்' நூலிலே சுட்டினார். தன் உழைப்புச் சக்தியை விற்கவும் அவன் சுதந்திரமானவன். விற்பதற்கு வேறெதுவும் அற்றவன் என்ற வகையிலும் சுதந்திரமானவன். ரிஸ்கோர்னியாவிலிருந்து வந்தவன் தன் நோயெதிர்ப்பின்மையையே விற்றான்.

லசியரின் பெயரிடப்பட்ட அம்முகாமிலே எவரும் இறக்கவில்லை. நுளம்பின் பங்கு ஐயமற நிறுவப்பட்டது. வடிகட்டியிலும் தங்காத நுண்காரணியொன்றே நோயை விளைக்கிறது என்பதையும், அதாவது நாம் இன்று வைரசு என்பதையும், அக்குழுவினர் 1901இல் காட்டினர். அவ்வாண்டிலேயே ஹவானா நகரில் மஞ்சட் காய்ச்சல் ஏறத்தாழ ஒழிக்கப்பட்டது. எண்ணிலார் உயிர்பிழைத்தனர் என்பதை மறுப்பவன் மூடன். ஆனால் அவ்வாண்டு ஓகஸ்ட் 24ஆம் திகதி, ஹவானாவில் நிகழ்ந்த பிறிதொரு பரிசோதனைத் தொடரில், கிளாரா மாஸ் என்னும் 25 வயது அமெரிக்கத் தாதி உயிரிழந்தார். அவரும் அதே 100 டொலர் ஏற்பாட்டின் கீழேயே முன்வந்தவர். 1929இல் அமெரிக்கக் கொங்கிரஸ் றீட் குழுவின் பரிசோதனைகளிற் பங்குகொண்டோருக்குப் பொற்பதக்கமும் ஓய்வூதியமும் வழங்கச் சட்டமியற்றியது. பணத்தை ஏற்க மறுத்ததாகப் புகழப்பட்ட கிசிஞ்சர், மொறன் ஆகியோர் அப்பட்டியலில் இடம்பெற்றனர். ஸ்பானியரின் பெயர் ஒன்றுகூட அதில் இல்லை. பணம் பெற்றவன் கணக்குத் தீர்க்கப்பட்டவன், பெறாதவன் வீரன். நுளம்புக்கு இந்த வேறுபாடு தெரிந்திராது.

'எப்படியும்' என்னும் வாதம் அரை நூற்றாண்டின் பின் இன்னும் கொடிய உருவில் தோன்றிற்று. நியூயோர்க்கின் ஸ்ரேற்றன் தீவிலிருந்த வில்லோபுறூக் அரச பாடசாலை, உளவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கான நிலையமாகும். 4,000 பேருக்கென அமைக்கப்பட்ட அங்கு 1960களின் நடுவில் 6,000க்கும் மேற்பட்டோர் அடைக்கப்பட்டிருந்தனர். நெருக்கமும் அழுக்கும் காரணமாக ஈரலழற்சி நோய் நிலைத்திருந்தது. 1956 முதல் மருத்துவர் சோல் குறுக்மன் குழுவினர் புதிதாகச் சேர்க்கப்பட்ட பிள்ளைகளுக்கு அந்நோயின் வைரசை வேண்டுமென்றே கொடுத்து ஆய்ந்தனர். இப்பிள்ளைகள் எப்படியும் நோய்ப்படுவர், எமது தனிப்பிரிவிலோ கவனிப்பு மேலானது என்பதே அவர் கூறிய நியாயம். பெற்றோர் ஒப்பமிட்டது உண்மை. ஆயின் 1964இன் இறுதியில் நிலையத்தின் பொதுவாயில் இடநெருக்கடியால் மூடப்பட்டபோதும், ஆய்வுப் பிரிவின் வாயில் திறந்தே இருந்தது. பிள்ளையைச் சேர்க்க வேறு வழியற்ற தாயொருத்தியின் ஒப்பத்துக்கு என்ன பெயரிடுவது? நெருக்கத்தைக் குறைத்தாலே நோய் குறையும் என்பது எவர்க்கும் தெரிந்த உண்மை. அரசு செய்யாது விட்ட அவ்வேலையை இயற்கையின் நியதி போலக் கொண்டே ஆய்வு கட்டியெழுப்பப்பட்டது. ஈரலழற்சியில் இருவகை உண்டென்பது 1967இல் அங்கிருந்தே தெளிவாயிற்று என்பதையும் சேர்த்தே கூறவேண்டும். அறிவின் பயன் அது பெறப்பட்ட வழியை நியாயப்படுத்துவதில்லை. வழியின் கொடுமை அறிவைப் பொய்யாக்குவதுமில்லை. ஹென்றி பீச்சர் 1966இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையில் ஒழுக்கக்கேடான ஆய்வுகள் எனச் சுட்டிய 22இல் இதுவும் ஒன்று.

சம்மதமே முதன்மை என வகுத்த நூரம்பேர்க் நெறிகள் 1947இல் வெளியாகி ஏறத்தாழ பத்தாண்டுகள் சென்ற பின்னரே வில்லோபுறூக் ஆய்வு ஆரம்பித்தது என்பதை மறந்துவிடலாகாது. சிறைக்கைதிகளை ஆய்வுக்குட்படுத்துவதை அமெரிக்க அரசு விதிகளாற் கட்டுப்படுத்தியது 1978இலேதான்.

இதற்கு மாறான தோற்றமுடையது இங்கிலாந்தின் சோல்ஸ்பரி நகருக்கு அண்மையில் 1946 முதல் நான்கு தசாப்தங்களுக்கு மேலாக இயங்கிய தடிமன் ஆய்வு நிலையம். அங்கு மாணவரும் இல்லத்தரசிகளும் பிறரும் பத்து நாட்கள் தங்கி, மூக்கில் வைரசுத் துளிகளை ஏற்று, இலவச உணவும் சிறு கைச்செலவுப் பணமும் பெற்றனர். பத்திரிகை விளம்பரங்கள் இதனை ஒரு விடுமுறையாகவே வருணித்தன. பின்னாளிற் கொரோனா எனப் பெயர்பெற்ற வைரசுக் குடும்பத்தின் மனிதத் தொற்றொன்று 1965இல் டேவிட் ரிறெல் குழுவினரால் இங்கேதான் இனங்காணப்பட்டது. தடிமனால் எவரும் சாவதில்லை. போருக்குப் பிந்திய பிரித்தானியாவில் இலவச மருத்துவ சேவையும் 1948இல் வந்துவிட்டது. இவ்விரண்டும் இருந்தமையால் அங்கு 'தொண்டர்' என்ற சொல் ஓரளவு தன் நேர்ப்பொருளிலேயே வழங்கியது எனலாம்.

கொவிட் பெருந்தொற்றின்போது அச்சூழல் இருக்கவில்லை. 2020 மார்ச்சில், தடுப்பூசி ஆய்வை விரைவுபடுத்த இளைஞரை வேண்டுமென்றே தொற்றுக்கு உட்படுத்தலாம் என முன்மொழிந்த அறிஞர் மூவர், ஏற்கெனவே தொற்றுக்கு ஆளாகும் வாய்ப்பு மிகுந்தோரைச் சேர்த்துக்கொண்டால் மேலதிக ஆபத்துக் குறையும் என வாதித்தனர். நுண்மையான வாதம்தான். எனினும் கியூபப் பத்திரத்தின் குரலை அதில் நாம் இனங்காண்கிறோம். அவ்வாண்டு பிரித்தானியாவில் தொற்றின் வாய்ப்பு மிகுந்தோர் பேருந்துச் சாரதிகள், முதியோர் பராமரிப்பாளர், நெருக்கமான வீடுகளில் வாழ்ந்த தென்னாசிய, கறுப்பின மக்கள் முதலியோர். அவர்களின் 'எப்படியும்' முகக்கவசமும் சம்பளத்துடனான விடுப்பும் கிடைக்காமையால் விளைந்தது.

நடைமுறையில் அவ்வாறான தேர்வு நிகழவில்லை என்பதையும் நேர்மையாகக் குறிப்பிடவேண்டும். இலண்டன் ஆய்வு தேடியது குறைபாடற்ற உடலையே. வைரசு இடப்பட்டவர்களில் 34 பேரின் தரவுகள் கணக்கிற் கொள்ளப்பட்டு, அவருள் 18 பேருக்குத் தொற்று ஏற்பட்டது; எவருக்கும் கடும்நோய் காணவில்லை. முடிவுகள் 2022இல் வெளியாயின. சம்மதப் பத்திரம், காப்பீடு, ஓராண்டுப் பின்தொடர்பு யாவும் இருந்தன. கொடுக்கப்பட்ட பணத்தை மட்டும் எவரும் கூலி என அழைப்பதில்லை; நேரத்துக்கும் சிரமத்துக்குமான ஈடு என்றே அது கொள்ளப்படுகிறது. கூலி என ஏற்றுக்கொண்டால் அதனைப் பெறுபவன் தொழிலாளியாவான்; தொழிலாளியானால் ஊறுநேர்ந்தவிடத்து நட்டஈடு, பேரம் பேசும் உரிமை, ஒன்றுசேரும் உரிமை என்பன பற்றிய கேள்விகள் எழும். 1900இல் அக்றமொன்ரே கல் பொறுக்கியதற்கு ஒரு கணக்கும் கடிபட்டதற்கு வேறொரு கணக்குமாகப் பணம் கொடுத்தார். முதலாவதைக் கூலி என்று கூற அவர் தயங்கவில்லை.