ஆகஸ்ட் 10, 1950: டிராம்பே தமிழ் மாணவரும் அரசு உதவித்தொகையும்

மும்பையின் டிராம்பேயில் குடியிருக்கும் ஓர் ஆதி திராவிடர் வீட்டுப் பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பு முடித்துக் கல்லூரியில் சேரும்போது, அரசு உதவித்தொகைக்கு மதிப்பெண் மட்டும் போதாது. வீட்டு வருமானம் எவ்வளவு, சாதி எது, எந்த மாநிலத்து ஆள் என்ற மூன்று கேள்விகளுக்கும் முத்திரை குத்திய காகிதம் வேண்டும். வருமானக் கேள்விக்கு விடை எளிது. அங்கே பெரும்பாலான வீடுகளில் வருமானம் குறைவு. மற்ற இரண்டு கேள்விகளும் 10.8.1950 என்ற தேதியில் போய் முட்டி நிற்கின்றன. அன்று டிராம்பேயில் அணு உலை இல்லை, எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை இல்லை, சீத்தா கேம்ப் குடியிருப்பும் இல்லை. கோலி மீனவர் குடியிருப்புகளும் உப்பளங்களும் சதுப்பு நிலமுமாக இருந்த ஊர் அது. அந்த நாளில் தன் குடும்பம் இந்த மாநிலத்தில் வேரூன்றியிருந்ததாக இன்றைய மாணவர் காட்ட வேண்டும் என்ற நிலை எப்படி வந்தது என்பதற்கு நீண்ட வரலாறு உண்டு.

நிபந்தனை வைத்து உதவி செய்யும் வழக்கம் விடுதலைக்கு முந்தியது. மும்பை எல்பின்ஸ்டன் கல்லூரியில் படித்த பீமராவ் அம்பேத்கருக்கு பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் மாதம் 25 ரூபாய் கொடுத்து உதவினார். பிறகு அமெரிக்கா சென்று படிக்க மாதம் பதினொன்றரை பவுன் வீதம் மூன்றாண்டுக்கு உதவித்தொகை தந்தார். அதற்காக 1913 ஜூன் 4 அன்று அம்பேத்கர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். குறித்த பாடங்களையே படிக்க வேண்டும், படித்து முடித்ததும் பரோடா அரசில் பத்தாண்டு வேலை பார்க்க வேண்டும் என்பவை அதன் நிபந்தனைகள். 1917இல் அவர் சொன்ன சொல் தவறாமல் பரோடா போய்ச் சேர்ந்தார். ஆனால் அந்த ஊரில் அவருக்குக் குடியிருக்க ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் தங்கியிருந்தவர், சாதி தெரிந்ததும் தடியோடு வந்தவர்களால் வெளியேற்றப்பட்டார். உதவி பெற்றவர் நிபந்தனையை நிறைவேற்ற முன்வந்தும், அதற்கு ஊர் இடம் கொடுக்காமல் போன நிகழ்ச்சி இது.

அந்த அனுபவம் உள்ள மனிதர் 1942இல் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினரானார். அதே ஆண்டு அக்டோபரில் பட்டியல் சாதியினரின் குறைகளைத் தொகுத்து வைஸ்ராய் லின்லித்கோவிடம் ஒரு நீண்ட மனு கொடுத்தார். அறிவியலும் தொழில்நுட்பமும் படிக்கும் மாணவர்களுக்கு அரசே பணம் ஒதுக்க வேண்டும் என்பது அதன் முக்கியக் கோரிக்கைகளில் ஒன்று. 1944இல் இந்திய அரசின் உதவித்தொகைத் திட்டம் தொடங்கியது. அது 1948-49இல் பழங்குடி மாணவர்களுக்கும், அடுத்த ஆண்டில் பிற பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கும் விரிந்தது. இன்று மும்பை கல்லூரி அலுவலகங்களில் ‘ஜிஓஐ ஸ்காலர்ஷிப்’ என்று சொல்லப்படும் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை அதன் வாரிசே. தொடங்கியபோது நாடு முழுவதற்கும் ஒரே கணக்காக டெல்லியில் நடந்த திட்டம், பின்னாளில் மாநில அரசுகளின் கைக்கு வந்தது. டிராம்பே மாணவரின் சிக்கலுக்கு விதை அங்கேதான் விழுந்தது.

அரசியலமைப்பின் 341ஆம் பிரிவு, பட்டியல் சாதி எது என்பதைக் குடியரசுத் தலைவர் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித்தனியாக அறிவிக்கலாம் என்கிறது. அந்த ஆணை 1950 ஆகஸ்ட் 10 அன்று வெளியானது. தீண்டாமையின் வடிவம் ஊருக்கு ஊர் மாறும், ஓரிடத்தில் ஒடுக்கப்பட்ட சாதி இன்னோரிடத்தில் அப்படி இல்லாமல் இருக்கலாம் என்பது மாநிலவாரிப் பட்டியலுக்குச் சொல்லப்பட்ட காரணம். ஊரைவிட்டு நகராத மக்களுக்கு இது பொருந்தும். ரயிலேறிப் போனவர்களுக்குப் பொருந்தவில்லை. மதராஸ் மாநிலப் பட்டியலில் பறையர், பள்ளர், ஆதி திராவிடர், சக்கிலியர் எல்லாரும் இருந்தனர். பம்பாய் மாநிலப் பட்டியலில் மகார், மாங், சாம்பார், தோர் என்ற பெயர்கள் இருந்தன. பறையர், பள்ளர், ஆதி திராவிடர் என்ற பெயர்கள் இல்லை. இன்றைய மகாராஷ்டிரப் பட்டியலின் 59 பதிவுகளிலும் அவை இல்லை. ஆகவே பூட்டு ஒன்றல்ல, இரண்டு. 1950க்குப் பின் வந்தவரைத் தேதி தடுக்கிறது. அதற்கு முன்பே வந்து தாராவியில் தோல் பதனிடும் வேலை பார்த்த திருநெல்வேலிக் குடும்பங்களைப் பெயர் தடுக்கிறது. இவற்றோடு மதமும் சேர்ந்துகொண்டது. சில சீக்கியச் சாதிகளைத் தவிர, அந்த ஆணை இந்துக்களை மட்டுமே ஏற்றது. மற்ற சீக்கியர்களுக்கு 1956இலும் பௌத்தர்களுக்கு 1990இலும் வழி திறந்தது. கிறிஸ்தவர்களுக்கு இன்றும் திறக்கவில்லை. திருநெல்வேலியிலிருந்து மும்பை வந்த குடும்பங்களில் கிறிஸ்தவர்கள் கணிசமாக உண்டு.

ஆணை வெளியான சில ஆண்டுகளில் டிராம்பேயின் முகமே மாறியது. 1954இலும் 1955இலும் மாகுல் கரையில் இரண்டு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் எழுந்தன. 1954இல் அணுசக்தி ஆராய்ச்சி நிலையத்துக்கு அடித்தளம் இடப்பட்டது; 1956 ஆகஸ்ட் 4 அன்று ‘அப்சரா’ உலை இயங்கத் தொடங்கியது. டாட்டாவின் அனல் மின் நிலையமும் அதே ஆண்டில் வந்தது. 1960களில் உர ஆலை. இத்தனைக்கும் மண் சுமக்க, கல் உடைக்க, குழாய் பதிக்க, கட்டி முடித்த பின் கூட்டிப் பெருக்க ஆள் வேண்டியிருந்தது. அந்த ஆட்களில் தமிழர்களும் பலர். இந்தப் பெரும் கட்டுமானங்களுக்கு உழைக்க வந்தவர்கள், தாங்கள் புறப்பட்டு வந்த தேதியே பேரப்பிள்ளையின் படிப்பை மறிக்கும் என்று அறிந்திருக்க வழியில்லை.

அவர்களில் பலர் அணுசக்தி நிலையத்தை ஒட்டிய ஜனதா காலனியில் குடியேறினர். நகரத்துக்குள் குடிசைகளை அகற்றியபோது அரசே கொண்டுவந்து விட்ட இடம் அது. ஊழியர் குடியிருப்புக்கு நிலம் வேண்டும் என்று அணுசக்தி நிலையம் கேட்டபோது எதிர்ப்பு எழுந்தது. கோலார் தங்கவயலில் பிறந்த தமிழர் ஜோக்கின் அற்புதம் அந்தப் போராட்டத்தை முன்னின்று நடத்தினார். பிற்காலத்தில் மகசேசே விருதும் பத்மஸ்ரீயும் பெற்றவர் அவர். அவசரநிலைக் காலத்தில், 1976 மே 17 அன்று, ஏறக்குறைய 70 ஆயிரம் பேர் வெளியேற்றப்பட்டு, கழிமுகத்தை ஒட்டிய தாழ்ந்த நிலத்தில் விடப்பட்டனர். அதுதான் சீத்தா கேம்ப். அந்த ஆண்டின் தொடக்கத்தில் மாநில அரசு குடிசைகளைக் கணக்கெடுத்து, குடும்பத்துக்கு ஓர் அடையாளச் சீட்டு கொடுத்திருந்தது. போட்டோபாஸ் என்று அழைக்கப்படும் அந்தச் சீட்டு பல வீடுகளில் இன்றும் பிளாஸ்டிக் உறைக்குள், சாமி படத்துக்குப் பின்னால் இருக்கிறது. வீட்டு மனைக்கு அது உயிர். ஆனால் அதில் உள்ள ஆண்டு 1976. குடிசை மறுவாழ்வுக்கான தகுதித் தேதி 1995 என்றும் பிறகு 2000 என்றும் மக்களோடு சேர்ந்து நகர்ந்து வந்தது. உதவித்தொகைக்கான தேதி மட்டும் 1950இலேயே நின்றது.

அந்தத் தேதிக்கு இரும்புப் பிடி கொடுத்தவை மத்திய உள்துறையின் சுற்றறிக்கைகள். 1977 மார்ச் 22 நாளிட்ட கடிதம், ஒருவரின் நிரந்தர வசிப்பிடம் என்பது குடியரசுத் தலைவர் ஆணை வெளியான நாளில் அவரோ குடும்பமோ இருந்த இடம் என்று வரையறுத்தது. இடம்பெயர்ந்தவரின் பிள்ளைகளுக்கு, தந்தையின் சொந்த மாநிலச் சான்றிதழைப் பார்த்துப் புதிய மாநில அதிகாரியே சான்றிதழ் தரலாம் என்று 1982 நவம்பரில் ஒரு சிறு வழி பிறந்தது. 1985 பிப்ரவரியில் அதற்கும் எல்லை கட்டப்பட்டது: சலுகை சொந்த மாநிலத்தில்தான், குடிபெயர்ந்த மாநிலத்தில் இல்லை.

இந்த விதியின் மேல் உச்ச நீதிமன்றம் முதலில் தீர்ப்பளித்த வழக்கு மும்பையில் பிறந்தது. ஆந்திரத்தின் பழங்குடி வகுப்பைச் சேர்ந்த ஒருவர் இட ஒதுக்கீட்டில் மத்திய அரசின் உர நிறுவனத்தில் சேர்ந்து, 1978இல் டிராம்பே ஆலையை நடத்தும் ராஷ்ட்ரிய கெமிக்கல்ஸ் அண்டு ஃபெர்ட்டிலைசர்ஸ் நிறுவனத்துக்கு வந்தார். ஒன்பது வயதில் மும்பை வந்த மகன் அங்கேயே படித்து மருத்துவக் கல்லூரியில் இடம் கேட்டார். தந்தைக்கு மத்திய நிறுவனத்தில் வேலை வாங்கித் தந்த சான்றிதழை மகனுக்காக மாநிலக் கல்லூரி ஏற்கவில்லை. சேத் ஜி.எஸ். மருத்துவக் கல்லூரி முதல்வர் எதிர்மனுதாரராக இருந்த அந்த வழக்கில், ‘அந்த மாநிலத்தைப் பொறுத்தவரை’ என்ற அரசியலமைப்புச் சொற்களை வைத்து 1990 மே மாதம் நீதிமன்றம் கோரிக்கையை மறுத்தது. மகாராஷ்டிரத்தில் இடம்பெயர்ந்தோருக்குச் சாதிச் சான்றிதழ் கேட்டு நடவடிக்கைக் குழு ஒன்று தொடுத்த வழக்கிலும் 1994இல் அரசியல் சாசன அமர்வு அதையே உறுதி செய்தது. 2018 ஆகஸ்டில் டெல்லி தொடர்பான வழக்கில் மீண்டும் அதே முடிவு வந்தது. தலைநகரின் மத்தியப் பணிகளுக்கு மட்டும் விலக்கு கிடைத்தது.

உதவித்தொகைத் திட்டத்தின் விதிகளோ வேறு வழியில் போகின்றன. மாணவரின் குடும்பம் எந்த மாநிலத்தில் நிரந்தரமாகக் குடியேறியிருக்கிறதோ அந்த மாநில அரசே பணம் தர வேண்டும் என்பது விதி. சாதியைக் கேட்டால் தமிழ்நாடு, குடியிருப்பைக் கேட்டால் மகாராஷ்டிரம். இரண்டு விதிகளும் தனித்தனியே தெளிவானவை. ஒரே பிள்ளையின் மேல் சேர்ந்து விழும்போது இரு மாநிலங்களும் கைவிரிக்க இடம் கொடுக்கின்றன. மற்ற நிபந்தனைகளில் குறை சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. 2013-14 முதல் பெற்றோரின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும், வகுப்புக்கு ஒழுங்காக வர வேண்டும், வேறு உதவித்தொகை வாங்கக் கூடாது, ஒரு பட்டம் முடித்தவர் அதே நிலையில் இன்னொரு பட்டத்துக்குக் கேட்கக் கூடாது. இவையெல்லாம் மாணவரின் கையில் அல்லது வீட்டின் நிலையில் இருப்பவை. பாட்டன் ரயிலேறிய ஆண்டு யார் கையிலும் இல்லை.

காகிதம் திரட்டுவதிலும் ஒரு தனிச் சிக்கல் உண்டு. மகாராஷ்டிரத்தில் சாதிச் சான்றிதழை ‘தாக்லா’ என்பார்கள். அதற்குப் பின் ஆய்வுக் குழு தரும் ‘வேலிடிட்டி’ சான்றிதழும் வேண்டும். படிவத்தில் தன் பெயர், தந்தை பெயர், ‘ஆட்நாவ்’ என்ற குடும்பப் பெயர் என்று மூன்று கட்டங்கள். தமிழர்களுக்கு மூன்றாவது கட்டத்தில் எழுத ஒன்றுமில்லை. ஊரில் மு. செல்வம் என்று பதிவான ஒருவர் மும்பை ரேஷன் கார்டில் செல்வம் முருகன் ஆகிறார்; மகனின் பள்ளிச் சான்றிதழில் செல்வம் என்பதே குடும்பப் பெயராகிறது. மூன்று தலைமுறைக் காகிதங்களை மேசையில் பரப்பினால் மூன்று வேறு குடும்பங்கள் போலத் தெரியும். ஒரே வம்சம் என்று நிறுவ முத்திரைத்தாளில் பிரமாணப் பத்திரம், அதற்கு நோட்டரி, அதற்கு ஒரு நாள் கூலி போகும்.

தமிழ்நாட்டு அரசின் புதிய திட்டங்களும் டிராம்பே வரை எட்டுவதில்லை. 2022இல் தொடங்கிய புதுமைப்பெண், 2024இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் ஆகியவற்றில் மாதம் ஆயிரம் ரூபாய் பெற, தமிழ்நாட்டுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்திருக்க வேண்டும். மும்பை மாநகராட்சி தமிழ்வழிப் பள்ளிகளை நடத்துகிறது. அவற்றில் தமிழில் படித்த பிள்ளைக்கும் இந்தக் கணக்கில் இடமில்லை.

மாநில அரசு மனம் வைத்தால் பட்டியலுக்கு வெளியிலும் உதவலாம் என்பதற்கு மகாராஷ்டிரமே சான்று. 1956இல் அம்பேத்கரோடு பௌத்தம் தழுவியவர்கள் மத்தியப் பட்டியலிலிருந்து விலகி நின்ற முப்பது ஆண்டுகளுக்கும் மேலான காலத்தில், நவ பௌத்தர்கள் என்ற பெயரில் அவர்களுக்கு மாநிலம் தன் அளவில் சலுகை தந்தது. அந்த உதவி இல்லாதிருந்தால் மராத்தி தலித் மக்களின் ஒரு தலைமுறை கல்லூரி வாசலிலேயே நின்றுபோயிருக்கும்.

தென்னாப்பிரிக்காவோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகிறது. அங்கே 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த தேசிய மாணவர் நிதியுதவித் திட்டம் நாடு முழுவதற்கும் ஒன்று. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 3,50,000 ராண்டுக்குள் இருக்க வேண்டும், தேர்ச்சி காட்ட வேண்டும் என்ற நிபந்தனைகள் உண்டு. ஆனால் டர்பனில் பிறந்த பெற்றோரின் பிள்ளை ஜோகன்னஸ்பர்க்கில் விண்ணப்பித்தால், எந்த மாகாணத்து ஆள் என்று கேட்டுத் திருப்புவதில்லை.

இந்தியாவிலும் அப்படி ஒரு வாசல் திறந்தே இருக்கிறது, ஆனால் அது குறுகியது. ஐஐடி போன்ற உயர் நிறுவனங்களில் சேரும் பட்டியல் சாதி மாணவருக்கு 2007 முதல் மத்திய அரசே நேரடியாகப் பணம் தருகிறது. தமிழ்நாட்டில் பதிவான சாதி அங்கே செல்லும். பவாய் ஐஐடியில் சேரும் சீத்தா கேம்ப் மாணவருக்குக் கிடைக்கும் உதவி, செம்பூரில் பி.காம். சேரும் அவர் தம்பிக்குக் கிடைப்பதில்லை.

பட்டியலில் ஒரு பெயரைச் சேர்க்கும் அதிகாரம் 341ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவுப்படி நாடாளுமன்றத்துக்கு மட்டுமே உண்டு. அப்படி ஒரு சட்டம் வரும்வரை டிராம்பேயின் தமிழ்க் குடும்பங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. தந்தையின் பெயரில் தமிழ்நாட்டு வட்டாட்சியர் தந்த சாதிச் சான்றிதழை, பிள்ளை பத்தாம் வகுப்பு எழுதும் முன்பே ஊருக்குப் போய் வாங்கி வைக்க வேண்டும். 1982 சுற்றறிக்கையின் சிறு வழி அந்தக் காகிதம் உள்ளவருக்கு மட்டுமே திறக்கும். மத்திய நிறுவனங்களின் வாசலும் அப்படியே.