இடித்துரைக்கும் வாக்கு

ஆட்சியை மாற்றுவதற்கென ஒரு தேர்தல் உண்டு. ஆள்வோரை எச்சரிப்பதற்கென ஒரு தேர்தல் உண்டு. முன்னதைப் பொதுத்தேர்தல் என்கிறோம், பின்னதே இடைத்தேர்தல். சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் இறந்தாலோ, பதவி விலகினாலோ, தகுதி இழந்தாலோ அந்தத் தொகுதியில் மட்டும் நடைபெறும் வாக்கெடுப்பு அது. பெரும்பாலும் அதன் முடிவால் அரசு கவிழ்வதில்லை. ஆகவேதான், மக்கள் தம் மனக்குறையை அங்கே தயக்கமின்றிச் சொல்ல இயலும் என்பர். இக்கூற்று எவ்வளவு மெய் என்பதை, நாம் வாழும் வடசென்னையின் அண்மைக்கால வரலாற்றைக் கொண்டு எண்ணிப் பார்க்க விழைகிறோம்.

பிற நாடுகளிலும் இவ்வழக்கம் உண்டு. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், குடியரசுத் தலைவர் தேர்தலுக்கு அடுத்த ஆண்டு ஆளுநர் தேர்தல் நடைபெறும். 1977 முதல் 2009 வரை அங்கு நடந்த ஒவ்வொரு ஆளுநர் தேர்தலிலும் வெள்ளை மாளிகையை ஆண்ட கட்சியே தோற்றது. இங்கிலாந்தில் 1962 மார்ச்சில் ஆர்ப்பிங்டன் தொகுதியை ஆளும் கட்சி பறிகொடுத்தது. அவ்வாண்டு ஜூலையில் பிரதமர் மாக்மில்லன் தம் அமைச்சரவையிலிருந்து எழுவரை ஒரே மூச்சில் நீக்கினார். ஒரு தொகுதியின் சொல் ஆள்வோரின் உறக்கத்தைக் கலைத்தது.

தமிழகத்திலும் அத்தகைய சொல் ஒலித்ததுண்டு. 1963இல் திருவண்ணாமலை இடைத்தேர்தலில் காங்கிரஸ் தோற்று, தி.மு.க. வென்றது. அவ்வாண்டு அக்டோபர் 2ஆம் நாள் காமராசர் முதல்வர் பதவியைத் துறந்து கட்சிப் பணிக்குச் சென்றார். மக்களிடமிருந்து கட்சி விலகிச் செல்வதை உணர்ந்த தலைவரின் செயல் அது. ஆயினும் 1967இல் காங்கிரசும் வீழ்ந்தது. காமராசரும் விருதுநகரில் தோற்றார். எச்சரிக்கையைக் கேட்பது வெற்றிக்கு உறுதியளிப்பதில்லை என்பதையும் நாம் மறைத்தல் ஆகாது. அடுத்து 1973 மே 20இல் திண்டுக்கல் மக்களவைத் தொகுதியில் இடைத்தேர்தல் நடந்தது. எம்.ஜி.ஆர். கட்சி தொடங்கி ஏழு திங்களே ஆகியிருந்த நிலையில், அவருடைய வேட்பாளர் மாயத்தேவர் வென்றார். மாநிலத்தை ஆண்ட தி.மு.க. மூன்றாம் இடத்திற்குத் தள்ளப்பட்டது. 1977இல் கோட்டையும் கைமாறியது.

இவ்விரு நிகழ்ச்சிகளை மட்டும் கண்டு, இடைத்தேர்தல் எப்போதும் மக்கள் மனத்தின் கண்ணாடி என்று முடிவு கட்டிவிடலாகாது. 2005 மே மாதத்தில் கும்மிடிப்பூண்டி, காஞ்சிபுரம் ஆகிய இரு தொகுதிகளையும் ஆளும் அ.தி.மு.க. வென்றது, ஓராண்டில் ஆட்சியை இழந்தது. 2006 முதல் 2010 வரை நடந்த சட்டமன்ற இடைத்தேர்தல்கள் அனைத்தையும் ஆளும் தி.மு.க. அணி வென்றது. 2009 சனவரியில் நடந்த திருமங்கலம் தேர்தல், பண விநியோகத்திற்கே ஒரு பெயராகி, 'திருமங்கலம் பாணி' என்று வழங்கலாயிற்று. 2011இல் அதே தி.மு.க. 23 இடங்களே பெற்று, எதிர்க்கட்சித் தகுதியையும் இழந்தது. அமைச்சர்கள் அனைவரும் ஒரே தொகுதியில் முகாமிட்டு, தெருவுக்கு ஒருவர் பொறுப்பேற்றுப் பெறும் வெற்றி, மக்களின் மனநிறைவுக்குச் சான்றாகாது என்பதையே இவை காட்டுகின்றன.

இனி நம் பகுதிக்கு வருவோம். வடசென்னை மண்ணுக்கு அரசியல் புதிதன்று. 1949 செப்டம்பரில் தி.மு.க. தன் முதற் பொதுக்கூட்டத்தைக் கொட்டும் மழையில் நடத்தியது இராயபுரம் இராபின்சன் பூங்காவில்தான். அதனை அடுத்த டாக்டர் இராதாகிருஷ்ணன் நகர்த் தொகுதியில் தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, காசிமேடு எனத் தொழிலாளரும் மீனவரும் நெருங்கி வாழ்கின்றனர். கொருக்குப்பேட்டை இரயில்வே கேட்டில் காத்துக்கிடப்பதும், கொடுங்கையூர்க் குப்பைமேட்டின் புகையைச் சுவாசிப்பதும், எண்ணெய் கலந்த நிலத்தடி நீரும் அவர்கள் நெடுநாளாய்ச் சொல்லிவந்த குறைகள்.

2015 சூன் 27இல் அங்கே நடந்த இடைத்தேர்தலில் முதல்வர் ஜெயலலிதா 1,60,432 வாக்குகள் பெற்றார். தி.மு.க. களத்தில் இல்லை. 2016 பொதுத்தேர்தலில் அவர் அதே தொகுதியில் பெற்றவை 97,218 வாக்குகள். ஓராண்டுக்குள் அறுபதாயிரத்துக்கு மேற்பட்ட வாக்குகள் குறைந்தன. இடைத்தேர்தலின் பெருவெற்றி எவ்வளவு ஊதிப் பெருக்கப்பட்டது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

2016 திசம்பர் 5இல் ஜெயலலிதா மறைந்தார். அடுத்த சில திங்களில் ஆளும் கட்சி பிளவுண்டது, முதல்வர் மாறினார், இரட்டை இலைச் சின்னம் முடக்கப்பட்டது. 2017 சனவரி 28இல் எண்ணூர்க் காமராசர் துறைமுகத்தருகே இரு கப்பல்கள் மோதி, கடலில் எண்ணெய் பரவியது. கரையொதுங்கிய கசடை மக்கள் வாளிகளில் அள்ளியதை நாடே கண்டது. காசிமேட்டில் மீன் வாங்க ஆளில்லாமற் போயிற்று. இந்நிலையில் ஏப்ரல் 12 அன்று நடைபெறவிருந்த இடைத்தேர்தலை, வாக்காளர்க்குப் பெருமளவில் பணம் வழங்கப்பட்டதைக் காரணங்காட்டித் தேர்தல் ஆணையம் இறுதி நேரத்தில் ரத்து செய்தது.

திசம்பர் 21இல் மீண்டும் வாக்குப்பதிவு. 59 பேர் போட்டியிட்டனர். ஏறத்தாழ 77 விழுக்காட்டினர் வாக்களித்தனர். கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்தைய நாள் முடிவு வெளியாயிற்று. பிரஷர் குக்கர் சின்னத்தில் சுயேச்சையாக நின்ற டி.டி.வி. தினகரன் 89,013 வாக்குகள் பெற்றார். இரட்டை இலையை மீட்டுக்கொண்டு நின்ற ஆளும் கட்சியின் மதுசூதனன் பெற்றவை 48,306. தி.மு.க. 24,651 வாக்குகளோடு வைப்புத்தொகையை இழந்தது. மத்தியில் ஆண்ட பாரதிய ஜனதா பெற்ற 1,417 வாக்குகளைவிட, எவருக்கும் வாக்கில்லை என்ற நோட்டாவுக்கு விழுந்த 2,373 வாக்குகள் மிகுதி.

இம்முடிவு உரைத்தது யாது? மாநிலத்தை ஆண்ட கட்சி, மத்தியில் ஆண்ட கட்சி, அடுத்து ஆளக் காத்திருந்த கட்சி ஆகிய மூன்றையும் மக்கள் ஒருசேர ஒதுக்கினர். ஆனால் வென்றவருக்கு அது நிலையான பற்றாக அமைந்ததா? இல்லை. 2019இல் நம் பெரம்பூர் உள்ளிட்ட 22 தொகுதிகளில் நடந்த இடைத்தேர்தல்களில் அவர் கட்சி ஒன்றிலும் வெல்லவில்லை. 2021இல் அ.தி.மு.க. ஆட்சியை இழந்தது, தினகரனும் கோவில்பட்டியில் தோற்றார், முன்பு வைப்புத்தொகை இழந்த தி.மு.க.வே இராதாகிருஷ்ணன் நகரை வென்றது. திண்டுக்கல்லில் வெளிப்பட்ட சினம் ஒரு புதிய கட்சியில் நிலையாகக் குடியேறியது. இங்கோ ஓரிரவு தங்கிச் சென்றது. சினத்தால் விழும் வாக்கு கண்டனமே அன்றி அடிமைச் சாசனம் அன்று. இதைத் தோற்றவர் மட்டுமன்றி வென்றவரும் உணர வேண்டும்.

இங்கே ஒரு தடை எழும். அந்தத் தேர்தலிலும் பணம் பாய்ந்ததே, வென்ற தரப்பு இருபது ரூபாய் நோட்டை அடையாளச் சீட்டாகக் கொடுத்ததாகக் குற்றச்சாட்டு எழுந்ததே என்பர். அத்தரப்பு அதனை மறுத்தது. எனினும் எல்லாத் தரப்பின் மீதும் ஐயம் படிந்த தேர்தலில், எது மக்களின் குரல், எது பணத்தின் எதிரொலி என்று பிரித்தறிதல் அரிது. தீமையின் ஆழம் இங்கேதான் உள்ளது. வாக்கை விலைக்கு வாங்குவோர் ஏழையின் மானத்தை மட்டும் வாங்குவதில்லை. தம் செவியையும் அடைத்துக்கொள்கின்றனர். நோயாளி வெப்பமானியை விலைக்கு வாங்கித் தான் விரும்பிய அளவை எழுதிக்கொண்டால் காய்ச்சல் தணியுமா? திருமங்கலத்து வெற்றிக்கும் 2011இன் வீழ்ச்சிக்கும் இடையே நிகழ்ந்தது அதுவே.

மற்றொன்றும் உண்டு. காலியான தொகுதிக்கு ஆறு திங்களுக்குள் தேர்தல் நடத்த வேண்டும் என்பது சட்டம். இராதாகிருஷ்ணன் நகர் ஓராண்டுக்கு மேல் தன் பேராளர் இன்றி இருந்தது. அண்டையிலுள்ள திருவொற்றியூரின் உறுப்பினர் 2020 பிப்ரவரியில் மறைந்தபின், கொரோனாவின் காரணமாக இடைத்தேர்தலே நடைபெறவில்லை. 2021 பொதுத்தேர்தல் வரை அவ்விடம் வெறுமையாகவே கிடந்தது. 2023 திசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் மீண்டும் எண்ணெய் படர்ந்தபோது ஆட்சியில் இருந்தது வேறு கட்சி; வலைகளில் ஒட்டிய கறை மட்டும் அதே கறை. மீனவரின் துயரம் தேர்தல் நாட்காட்டியைப் பார்த்து வருவதில்லை.

ஆதலால், ஆள்வோரை இடித்துரைக்கும் கடமையை, எவரேனும் ஒருவரின் இடம் காலியானால் மட்டுமே வாய்க்கும் இடைத்தேர்தலிடம் முற்றிலும் ஒப்படைத்துவிட இயலாது. மாமன்ற உறுப்பினரிடம் கொடுக்கும் மனுவும், பகுதிக் கூட்டத்தில் எழுப்பும் வினாவும், வாசலுக்கு வரும் பணத்தை மறுத்துத் திருப்பும் கையும் அந்தக் கடமையைச் சார்ந்தவையே. விலைபோகாத ஊரில்தான் ஒரு தொகுதியின் வாக்கு கோட்டை வரை தெளிவாகக் கேட்கும். அவ்வாறு கேட்கச் செய்யும் பொறுப்பு, வாக்குச்சீட்டை நம்பி வாழும் எளிய மக்களாகிய நம் கையில்தான் இருக்கிறது.