திண்டிவனத்தின் ஓர் இரவு: ஐடா ஸ்கடர் வாழ்வில் கிறித்தவ நம்பிக்கையும் துணிவும்

முன்னுரை

கிறித்தவ நம்பிக்கையைத் துணிவுடன் வாழ்தல் என்பது, எதிர்ப்புக்கு நடுவே சமயத்தை அறிக்கையிடுதல் என்ற பொருளிலேயே திருச்சபை வரலாறுகளில் பெரிதும் பேசப்படுகிறது. இன்றைய விழுப்புரம் மாவட்டத்தைச் சார்ந்த திண்டிவனத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நடந்த ஒரு நிகழ்ச்சி இப்பொருளை மறுபரிசீலனை செய்யத் தூண்டுகிறது. மருத்துவர் ஐடா ஸ்கடரிடம் (1870–1960) வெளிப்பட்ட துணிவு, தம் இயலாமையை ஒப்புக்கொள்வதில் தொடங்கியது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

குடும்பப் பின்னணி

ஐடாவின் பாட்டனார் ஜான் ஸ்கடர் 1819இல் இலங்கைக்கு வந்த அமெரிக்க மருத்துவ அருட்பணியாளர். அவருடைய மைந்தர்கள் 1853இல் ஆர்க்காடு மிஷனை நிறுவினர். இராணிப்பேட்டையில் பிறந்த ஐடா, 1876–78 பெரும்பஞ்சத்தின் துயரங்களைச் சிறுமியாகக் கண்டவர். அமெரிக்காவில் கல்வி பயின்றபோது, அருட்பணி வாழ்வு தமக்கு வேண்டாம் என்னும் முடிவிலேயே இருந்தார். தாயின் நோய் காரணமாக 1890இல் தென்னார்க்காடு மாவட்டத்துத் திண்டிவனத்திற்கு வந்ததும் தற்காலிகமாகவே.

மூன்று அழைப்புகள்

ஓரிரவில் ஒருவர் பின் ஒருவராக மூவர் ஸ்கடர் இல்லம் தேடி வந்தனர். ஒருவர் பிராமணர்; ஒருவர் இசுலாமியர்; மற்றொருவர் உயர்குலத்து இந்து. மூவருடைய இளம் மனைவியரும் பேறுகால வேதனையில் இருந்தனர். தமக்கு மருத்துவம் தெரியாது என்றும் தந்தையை அழைத்துச் செல்லுமாறும் ஐடா வேண்டினார். அயல் ஆடவர் தம் வீட்டுப் பெண்ணைத் தொட்டு மருத்துவம் செய்ய அவர்கள் இசையவில்லை. விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தனர்.

இந்நிகழ்ச்சி, ஐடா பிற்காலத்தில் பலமுறை எடுத்துரைத்த நினைவுகூரல் வழியாகவும், வாழ்க்கை வரலாற்று நூல்கள் வழியாகவும் நம்மை வந்தடைந்துள்ளது. இரவில் மும்முறை அழைக்கப்பட்டும் அழைப்பவர் யாரென்று உணராத சிறுவன் சாமுவேலின் விவிலியக் கதையோடு இதன் அமைப்பு ஒத்திருக்கிறது. இவ்வொப்புமை நிகழ்ச்சியின் உண்மையை மறுப்பதாகாது. அதனை ஐடா இறையழைப்பாகவே பொருள்கொண்டார் என்பதை விளக்குகிறது. ஆயினும், இறந்த பெண்களின் பெயர்கள் இவ்வரலாற்றில் இடம்பெறவில்லை. அழைக்கப்பட்டவரை நினைவில் வைத்த வரலாறு, அழைப்புக்குக் காரணமானவர்களைப் பெயரற்றவர்களாக விட்டுவிட்டது.

இருபுறத் தடைகள்

இதனைக் கீழைநாட்டு அறியாமைக்கும் மேலைநாட்டு அறிவொளிக்கும் இடைப்பட்ட மோதலாகச் சித்திரிப்பது பொருந்தாது. வந்த மூவரும் வெவ்வேறு சமூகத்தினர். எனவே அத்தடை ஒரு சமயத்திற்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவிலும் மருத்துவக் கல்வி பெண்களுக்கு எளிதில் கிட்டவில்லை. ஐடா முதலில் பென்சில்வேனியாவின் பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். கார்னெல் மருத்துவக் கல்லூரி 1898இல் பெண்களையும் ஏற்றபின் அங்கு மாறி, 1899இல் பட்டம் பெற்றார். இங்குப் பெண் நோயாளியைத் தடுத்த வழக்கமும், அங்குப் பெண் மருத்துவரைத் தடுத்த வழக்கமும் ஒரே பாலினக் கட்டுப்பாட்டின் இரு முகங்களே.

நம்பிக்கை நிறுவனமாதல்

1900இல் வேலூரில் ஒற்றைப் படுக்கையுடன் பணி தொடங்கிற்று. அதே ஆண்டில் தந்தை மறைந்தமையால், அனுபவமிக்க துணையின்றிச் செயற்பட வேண்டிய நிலை ஐடாவுக்கு ஏற்பட்டது. ஷெல் என்னும் அமெரிக்கர் தம் மனைவியின் நினைவாக வழங்கிய பத்தாயிரம் டாலர் நன்கொடையில் 1902இல் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை எழுந்தது. எனினும் ஒரு பெண் மருத்துவர் மட்டும் திண்டிவனம் போன்ற ஊர்களின் தேவையை நிறைவு செய்ய இயலாது. இதனை உணர்ந்தே 1909இல் செவிலியர் பயிற்சியும் 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் தொடங்கப்பட்டன. அழைக்கப்பட்ட இரவில் செல்ல இயலாதவர், பிறர் செல்வதற்கு வழியமைத்தார். இன்றைய வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி இதன் தொடர்ச்சியே.

முடிவுரை

திண்டிவனத்து இரவில் ஐடாவிடம் துணிவு இருந்ததாகக் கூற இயலாது, இருந்தது கையறுநிலையே. 'எனக்குத் தெரியாது' என்ற சொல்லை வாழ்நாள் முழுவதும் அப்படியே விட்டுவிட மறுத்ததில்தான் துணிவு பிறந்தது. நம்பிக்கையின் துணிவைச் சொல்லின் உரத்தால் அளப்பதைவிட, அது பிறர் துயரின் காரணத்தை எவ்வளவு நீக்கிற்று என்பதால் அளப்பதே வரலாற்றுக்கு ஏற்புடையது. தமிழகத் திருச்சபை வரலாற்றாய்வு, அறிக்கையிட்டோரின் பட்டியலோடு அப்பெயரற்ற மூன்று பெண்களையும் கருத்திற்கொள்ளுதல் வேண்டும்.